விட்டு விட்டு வேலை செய்யும் மடிக்கணினி விசை: பழுதை எங்கே தேடுவது?

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வீட்டிலிருந்தபடியே தமிழில் தட்டச்சு செய்து கொடுக்கும் வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்து வருகிறேன். மடிக்கணினியின் விசைப்பலகை அடியோடு செத்துப்போனால் அதில் பெரிய குழப்பம் இல்லை, மாற்றிவிடலாம். காலையில் ஒரு விசை எழுதாமல், மதியம் தானாகச் சரியாகி, மறுநாள் மீண்டும் மக்கர் செய்யும்போதுதான் என்ன செய்வதென்று தெரியாமல் போகிறது. கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால் அங்கே அது ஒழுங்காக எழுதும். வீட்டுக்கு வந்ததும் பழைய குறை தலைகாட்டும். இப்படி வந்து போகும் பழுதை, அது எப்போது வருகிறது, எந்தெந்த விசையில் வருகிறது என்ற ஒழுங்கைக் கொண்டுதான் பிடிக்க முடியும். ஆகவே, திருப்புளியைக் கையில் எடுப்பதற்கு முன் ஒரு தாளையும் பேனாவையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்தத் தாளில் மூன்று நாள்களுக்குக் குறிப்பு எழுதுங்கள். எந்த விசை, எந்த நேரம், சார்ஜர் செருகியிருந்ததா, கணினியைப் போட்டு எவ்வளவு நேரம் ஆகியிருந்தது, விசை எழுதாமல் விட்டதா அல்லது ஒரே எழுத்தை இரண்டு முறை எழுதியதா என்பவை அதில் இருந்தால் போதும். கடைசிக் கேள்வியைப் பலரும் கவனிப்பதில்லை. தமிழ்99 என்ற தமிழ் விசையமைப்பு முறையில் எழுதுகிறவர்களுக்கு அது மிகவும் முக்கியம். அந்த முறையில் ஒரே மெய்யெழுத்து விசையை அடுத்தடுத்து இரண்டு முறை அழுத்தினால் முதல் எழுத்து தானாகப் புள்ளி பெற்றுவிடும். ஆங்கில ‘ஓ’ இருக்கும் விசைதான் நமக்கு ‘ட’. அந்த விசை ஒருமுறை அழுத்தியதற்கு இருமுறை எழுதினால் ‘விடு’ என்பது ‘விட்டு’ என்றும், ‘எடு’ என்பது ‘எட்டு’ என்றும், ‘படு’ என்பது ‘பட்டு’ என்றும் திரையில் விழும். மூன்றும் நல்ல தமிழ்ச் சொற்களே என்பதால் பிழைதிருத்தியும் அவற்றைக் காட்டிக்கொடுக்காது. ஒரு திருமண அழைப்பிதழின் மெய்ப்பில் இப்படி ஒரு ‘வீட்டு’ நுழைந்ததைக் கண்டு, என் கைதான் தவறிவிட்டது என்று நினைத்து இரண்டு வாரம் என்னையே நொந்துகொண்டிருந்தேன். உண்மையில் விசைக்கு அடியில் தொடுமுனை அழுக்கேறியிருந்தது.

இனி, விசைக்குக் கீழே என்ன இருக்கிறது என்பதைச் சற்றே தெரிந்துகொண்டால் தாளில் எழுதிய குறிப்பு தானாகப் பேசத் தொடங்கும். பெரும்பாலான மடிக்கணினிகளில் விசையின் மூடிக்கு அடியில் கத்தரிக்கோல் போலக் குறுக்காகப் பின்னிய இரண்டு மெல்லிய பிளாஸ்டிக் சட்டங்களும், அவற்றின் நடுவே சிறிய ரப்பர் குமிழ் ஒன்றும் இருக்கும். குமிழ் அமுங்கும்போது அதற்கடியில் உள்ள மூன்று பிளாஸ்டிக் தாள்களில் மேல்தாளும் கீழ்தாளும், நடுத்தாளின் துளை வழியாக ஒன்றையொன்று தொடும். அந்த இரு தாள்களிலும் மின்சாரம் ஓடும் கோடுகள் வெள்ளிக் குழம்பால் அச்சிடப்பட்டிருக்கும். ஒவ்வொரு விசைக்கும் தனித்தனிக் கம்பி கிடையாது. தறியில் பாவும் ஊடையும் போல நெடுக்குக் கோடுகளும் குறுக்குக் கோடுகளும் ஓட, அவை சந்திக்கும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு விசை உட்கார்ந்திருக்கிறது. குறுக்கே 8 கோடும் நெடுக்கே 16 கோடும் இருந்தால், 24 கோடுகளைக் கொண்டே 128 விசைகள் வரை கையாள முடியும். அந்தக் கோடுகள் எல்லாம் ஒரு பட்டையான ரிப்பன் கேபிள் வழியாக, கணினியின் முதன்மைப் பலகையான மதர்போர்டுக்குப் போகின்றன.

இதிலிருந்து கிடைப்பது இதுதான். ஒரே ஒரு விசை மட்டும் தகராறு செய்தால் கோளாறு பெரும்பாலும் அந்த விசைக்கு அடியிலேயே இருக்கிறது: தூசி, தேய்ந்த குமிழ், விலகிய சட்டம். ஒன்றுக்கொன்று பக்கத்தில்கூட இல்லாத நான்கைந்து விசைகள் ஒரே நேரத்தில் நின்று ஒரே நேரத்தில் உயிர்பெற்றால், அவை எல்லாம் ஒரே கோட்டில் உள்ளவை என்று கொள்ளலாம். அந்தக் கோட்டிலோ ரிப்பன் கேபிளின் செருகலிலோ பிரச்சினை. விசைப்பலகை முழுவதும் சில நொடிகள் நின்று மீண்டும் ஓடினால் மென்பொருளையும் ரிப்பன் கேபிளையும் சேர்த்தே சந்தேகிக்க வேண்டும்.

முதலில் மென்பொருளை விலக்கிவிடுங்கள். அதற்குக் காசு செலவில்லை. யுஎஸ்பி விசைப்பலகை ஒன்றை இரவல் வாங்கிச் செருகி, அதிலும் அதே குறை தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் கணினியின் விசைப்பலகை மீது குற்றமில்லை. தமிழில் மட்டும் எழுத்து வராமல் ஆங்கிலத்தில் ஒழுங்காக வந்தால், விண்டோஸ் விசையையும் ஸ்பேஸ் பாரையும் தெரியாமல் சேர்த்து அழுத்தி வேறு தமிழ் விசையமைப்புக்கு மாறியிருக்கிறீர்களா என்று பார்க்க வேண்டும். இன்னும் உறுதியாகத் தெரிய வேண்டுமானால், விண்டோஸ் போன்ற இன்னொரு இயங்குதளமான உபுண்டு ஏற்றிய பென் டிரைவிலிருந்து கணினியைத் துவக்கி, அதை நிறுவாமலேயே சிறிது நேரம் தட்டச்சு செய்து பாருங்கள். விண்டோஸ் ஓடாத நேரத்திலும் விசை அடம்பிடித்தால் அது உடம்பில் உள்ள நோய்தான். கணினியை மூடித் திறப்பதாக இருந்தால் ஷட் டவுன் கொடுக்காமல் ரீஸ்டார்ட் கொடுங்கள். விரைவுத் துவக்கம் இயங்கும் விண்டோஸ் கணினிகளில் ஷட் டவுன் செய்தாலும் இயங்குதளத்தின் உட்பகுதி முழுமையாகப் புதிதாகத் தொடங்குவதில்லை.

விண்டோஸில் உள்ள ஃபில்டர் கீஸ் என்ற வசதியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கை நடுக்கம் உள்ளவர்களுக்காக வைக்கப்பட்ட நல்ல வசதி அது. கணநேரமே பட்ட விசைகளைக் கணக்கில் எடுக்காமல் விட்டுவிடும். வலப்பக்க ஷிஃப்ட் விசையை 8 நொடிகள் அழுத்திப் பிடித்திருந்தாலே அது இயங்கத் தயாராகி, ஒரு சிறிய பெட்டி திறந்து சம்மதம் கேட்கும். யோசனையில் விரலை அங்கேயே வைத்திருந்துவிட்டு, பெட்டி வந்ததும் படிக்காமல் என்டர் தட்டிவிட்டால் போதும். அதன் பிறகு வேகமாக எழுதினால் எழுத்துகள் விழாது, ஒவ்வொன்றாக அழுத்தினால் விழும். எனக்கு இது நேர்ந்தபோது ஒரு கடையில் விசைப்பலகையே போய்விட்டது என்று சொல்லிப் புதியது போட்டுக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தால் அதே குறை. செட்டிங்ஸில் அக்சசிபிலிட்டி, அதற்குள் கீபோர்டு என்று போய் அந்த வசதியை அணைத்ததும் எல்லாம் சரியாயிற்று. செலவழித்த பணத்தைவிட, நல்ல நிலையில் இருந்த ஒரு பாகம் குப்பைக்குப் போனதுதான் எனக்கு அதிக வருத்தம். ஆப்பிள் கணினிகளிலும் இதைப் போலவே ஸ்லோ கீஸ் என்று ஒன்று உண்டு.

மென்பொருள் இல்லை என்று ஆனபின் தூசிக்கு வாருங்கள். அம்மாப்பேட்டை, கொண்டலாம்பட்டி போன்ற தறி ஓடும் பகுதிகளில் பஞ்சு இழை காற்றிலேயே மிதக்கும். அது விசைக்கடியில் புகுந்து எண்ணெய்ப் பிசுக்கோடு சேர்ந்து மெத்தை போலப் படிந்துவிடும். கணினியை முழுதாக அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, ஏறக்குறைய செங்குத்தாகச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, காற்றடைத்த டப்பாவால் சிறு சிறு வீச்சுகளாக ஊதுங்கள். டப்பாவை நிமிர்த்தியே பிடிக்க வேண்டும். சாய்த்தால் உள்ளிருக்கும் திரவம் பீச்சி வெளியே வரும். வாயால் ஊதுவது வேண்டாம், எச்சில் துளி சேரும். ஒட்டும் விசைக்கு 99 விழுக்காடு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சுக் குச்சியில் தொட்டு, சொட்டாத அளவுக்குப் பிழிந்து, விசையின் ஓரங்களில் தடவி நாற்பது ஐம்பது முறை அழுத்திவிடலாம். கைக்குத் தடவும் சானிடைசர் இதற்கு ஆகாது. அதில் தண்ணீரும் கிளிசரினும் கலந்திருக்கும். மூடியைக் கழற்றித்தான் ஆக வேண்டுமென்றால் சாதாரண எழுத்து விசைகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஸ்பேஸ் பார், என்டர், ஷிஃப்ட் ஆகியவற்றுக்கு அடியில் மெல்லிய கம்பி ஒன்று கொக்கிகளில் மாட்டியிருக்கும். பழக்கமில்லாத கை அந்தக் கொக்கியை உடைத்துவிடும்.

ஏற்காட்டில் உள்ளவர்களுக்கு ஈரம்தான் முதல் எதிரி. என் அக்காவின் கணவர் மலைமேல் ஒரு காப்பித் தோட்டத்தின் கணக்கைப் பார்க்கிறவர். அவருடைய மடிக்கணினியில் தினமும் காலையில் 4, 5 எண்களும் அவற்றோடு இரண்டு எழுத்துகளும் எழுதாமல் நிற்கும். “மாப்ளே, பதினோரு மணிக்கு மேல எல்லாம் நல்லாத்தான் ஓடுது” என்று அவர் சொன்ன ஒரு வாக்கியத்திலேயே பாதி விடை இருந்தது. போய்ப் பார்த்தபோது மேசை சன்னலை ஒட்டி இருந்தது. இரவெல்லாம் குளிர்ந்து கிடந்த கணினியின் மேல், விடியற்காலையில் சன்னல் வழியாக வரும் மூடுபனி படிந்து, கைவிரலை வைத்துத் தேய்த்தால் கோடு விழும் அளவுக்கு நனைந்திருந்தது. அச்சிட்ட வெள்ளிக் கோட்டில் ஈரம் பட்டுக்கொண்டே இருந்தால், அதில் ஓடும் மின்சாரமும் சேர்ந்து கோட்டை மெல்ல அரித்துவிடும். கொலுசு கறுப்பதைப் பார்த்து வளர்ந்த செவ்வாய்ப்பேட்டைக்காரர்களுக்கு வெள்ளியும் நிலைமாறும் என்று சொல்லித்தர வேண்டியதில்லை. மேசையை உள்சுவருக்கு மாற்றி, இரவில் கணினியை மூடி போட்ட ஒரு பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைக்கச் சொன்னேன். எண்கள் இரண்டும் திரும்பிவிட்டன. எழுத்துகளில் ஒன்று மட்டும் அரிப்பு முற்றியதால் திரும்பவில்லை.

மலையிலிருந்து இறங்கும்போதும் ஒரு கவனம் தேவை. கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் குளிர்ந்த இயந்திரத்தை, இருபது கொண்டை ஊசி வளைவுகளும் இறங்கி, மழைக்காலப் புழுக்கத்தில் இருக்கும் சேலத்துக்குக் கொண்டுவந்ததும் திறந்து போட்டால், குளிர்ந்த செம்பில் நீர் அரும்புவது போல உள்ளேயும் அரும்பக்கூடும். பையிலேயே ஒரு மணி நேரம் விட்டுவிட்டுப் பிறகு திறப்பது நல்லது. அரிசி மூட்டையில் புதைக்கும் வழக்கத்தைக் கைவிடுங்கள். மாவுத்தூள்தான் விசைக்குள் புகும்.

காப்பி கொட்டிவிட்டால் நிலைமை வேறு. பவர் பட்டனை அழுத்திப் பிடித்து உடனே அணைத்து, சார்ஜரை நீக்கி, திறந்த புத்தகத்தைக் கவிழ்த்து வைப்பது போல விசைப்பலகை கீழ்நோக்கும்படி வையுங்கள். குறைந்தது இரண்டு நாள் போட்டுப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். பாலும் சர்க்கரையும் கலந்த காப்பி உலர்ந்தாலும் அதன் பிசின் உள்ளேயே இருக்கும். அதனால் திறந்து துடைக்கக் கொடுப்பதே முறை.

கணினி சூடான பிறகு மட்டும் விசை நின்றால், நடுவில் உள்ள விசைகள் சற்று மேடாகத் தெரிகின்றனவா, டச்பேட் அமுங்க மறுக்கிறதா, சமதளத்தில் வைத்தால் கணினி ஆடுகிறதா என்று பாருங்கள். இவற்றில் ஒன்று இருந்தாலும் உள்ளே பேட்டரி உப்பியிருக்கலாம். அப்படியானால் சார்ஜ் போடுவதையும் பயன்படுத்துவதையும் அன்றே நிறுத்திவிட்டு, எதையும் அழுத்தாமல், குத்தாமல், பேட்டரியை மாற்றக் கொடுங்கள். இதைத் தள்ளிப்போடுவது தீ விபத்தில் கொண்டுபோய் விடும்.

கீழே விழுந்த பிறகோ, வேறொரு பழுதுக்காகக் கழற்றிப் பூட்டிய பிறகோ தொடங்கிய குறை என்றால் ரிப்பன் கேபிளைத்தான் பார்க்க வேண்டும். பின்மூடியைத் திறந்து பழகியவர்கள், முதலில் பேட்டரியின் இணைப்பைக் கழற்றிவிட்டு, கேபிளைப் பிடித்திருக்கும் சிறிய தாழ்ப்பாளை நகத்தால் மெல்ல நிமிர்த்தி, கேபிளை எடுத்து நேராகச் செருகி மீண்டும் தாழிடலாம். சில மாடல்களில் அந்தத் தாழ்ப்பாள் நிமிராது, முன்னோக்கி நகரும். பார்க்காமல் நெம்பினால் உடைந்துவிடும், பிறகு அதை மதர்போர்டில்தான் மாற்ற வேண்டியிருக்கும்.

புதிய விசைப்பலகைதான் வழி என்று முடிவானால், கடையில் முதலில் கேட்க வேண்டியது, உங்கள் மாடலில் விசைப்பலகையை மட்டும் மாற்ற முடியுமா, மேல்சட்டத்தோடு சேர்த்துத்தான் மாற்ற வேண்டுமா என்பது. இப்போது வரும் பல கணினிகளில் திருகுக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் குமிழ்களை உருக்கி விசைப்பலகையைச் சட்டத்தோடு ஒட்டியிருக்கிறார்கள். வேலையும் கூலியும் அதனால் கூடும். விசைகளுக்கு அடியில் விளக்கு எரியும் மாடலானால், அதற்குரிய இரண்டாவது சிறு கேபிளும் புதியதில் உண்டா என்று பாருங்கள். பாகம் வரும்வரை, பவர்டாய்ஸ் என்ற இலவச மென்பொருளில் செத்த விசையின் வேலையை நீங்கள் பயன்படுத்தாத வேறொரு விசைக்கு மாற்றிவைத்து வேலையை ஓட்டலாம்.

பணம் கொடுப்பதற்கு முன் கடையிலேயே உட்கார்ந்து எல்லா விசைகளையும் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். பிறகு நீங்கள் வழக்கமாக எழுதும் வேகத்தில் ‘விடு, எடு, படு, நடு, தொடு’ என்று பத்து வரி எழுதுங்கள். அவற்றில் ஒன்றாவது ‘நட்டு’ என்றோ ‘தொட்டு’ என்றோ மாறியிருந்தால், அங்கேயே வேறு விசைப்பலகையைக் கேட்டு வாங்குங்கள்.