சிறு நகரத்தின் பக்கத்தில் நட்சத்திரம் பார்க்க இடம் தேடுவது எப்படி?

சிறிய நகரத்தில் இருப்பவர்களுக்கு வானம் பார்ப்பதில் ஒரு வசதி உண்டு. பெருநகரத்துக்காரர் நல்ல இருட்டைத் தேடி அரை நாள் வண்டி ஓட்ட வேண்டியிருக்கும். சிறு நகரத்துக்காரர் இரவுச் சாப்பாட்டை முடித்துவிட்டுக் கிளம்பி, ஆசை தீரப் பார்த்துவிட்டு, தூங்குவதற்கு வீட்டுக்கே திரும்பிவிடலாம். எந்தப் பக்கம் போவது, எங்கே நிற்பது என்பதில்தான் சூட்சுமம். நான் இடம் தேடும் முறையை வரிசையாக எழுதுகிறேன். தொலைநோக்கி, கேமரா பற்றி இதில் ஒன்றும் இல்லை. எந்த நட்சத்திரம் எங்கே என்ற பாடமும் இல்லை. அதற்கு ஸ்டெல்லேரியம் என்ற வான வரைபட மென்பொருள் இருக்கிறது, இலவசம்.

படி 1: எவ்வளவு தூரம்?

மெர்ல் வாக்கர் என்ற அமெரிக்க வானியலாளர் 1970களில் கலிஃபோர்னியா நகரங்களின் இரவு வெளிச்சத்தை அளந்து ஒரு தோராயக் கணக்கு போட்டுக் கொடுத்தார். தூரம் இரண்டு மடங்கானால் நகரத்தால் வானில் ஏறும் வெளிச்சம் ஐந்தரை மடங்குக்கு மேல் குறைந்துவிடும். அவர் கணக்குப்படி, ஒரு லட்சம் பேர் வாழும் நகரத்திலிருந்து 40 கிலோமீட்டர் தள்ளி நின்று, நகரத்தைப் பார்த்தபடி வானத்தின் பாதி உயரத்தை நோக்கினால், இயற்கையான வெளிச்சத்தைவிட சுமார் 10 சதவீதம்தான் கூடுதலாக இருக்கும். 20 கிலோமீட்டரில் அதுவே 55 சதவீதத்தைத் தாண்டுகிறது. பத்து லட்சம் பேர் வாழும் நகரம் என்றால், அந்த 10 சதவீதத்துக்கு 100 கிலோமீட்டர் போக வேண்டும்.

இது பழைய கணக்கு. இன்றைய எல்இடி விளக்குகளுக்கு அப்படியே பொருந்தாது. ஊருக்கு ஊர் விளக்குப் போடும் அளவும் வேறு. ஆனாலும் தேடலை எங்கே ஆரம்பிப்பது என்று சொல்லிவிடுகிறது. சிறு நகரம் என்றால் 30 முதல் 40 கிலோமீட்டர் வரையிலான வளையம். அதைவிடப் பக்கத்தில் தேடினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். அதைத் தாண்டிப் போனால் பெட்ரோல் செலவுக்கு ஏற்ற பலன் கூடாது. போதாக்குறைக்கு, அடுத்த ஊரின் வெளிச்சம் ஆரம்பித்துவிடும்.

படி 2: வரைபடத்தில் சரியான அடுக்கைப் பாருங்கள்

என்னை ரொம்ப நாள் குழப்பிய படி இது. அதனால் இங்கே கொஞ்சம் நிதானமாகப் போகிறேன்.

இரவு வெளிச்சத்தை வரைபடமாகக் காட்டும் 'லைட்பொல்யூஷன்மேப் டாட் இன்ஃபோ' தளத்தைத் திறந்தால் பல அடுக்குகள் இருக்கும். அவற்றில் இரண்டு போதும்: விஐஐஆர்எஸ், வேர்ல்ட் அட்லஸ் 2015. இரண்டும் பார்க்க ஒரே மாதிரி வண்ணப் படங்கள்தான், ஆனால் சொல்லும் சேதி வேறு.

விஐஐஆர்எஸ் என்பது செயற்கைக்கோளில் இருக்கும் ஒரு கருவி. தரையிலிருந்து மேலே கிளம்பும் வெளிச்சத்தை அளக்கிறது. நகர எல்லையிலிருந்து மூன்று கிலோமீட்டர் தள்ளி ஒரு வயல் இருக்கிறது, அங்கே ஒரு விளக்குகூட இல்லை என்று வைத்துக்கொள்வோம். இந்த அடுக்கில் அந்த வயல் கன்னங்கரேல் என்று தெரியும். புதிதாகத் தேடுபவர் குதூகலித்து அங்கே போய் நின்றால், தலைக்கு மேலே வானம் வெளுத்துப் போயிருக்கும். நகரத்து வெளிச்சம் காற்றிலுள்ள தூசியிலும் ஈரத்திலும் பட்டுச் சிதறி வயலுக்கு மேலேயும் பரவுகிறது. அது தரையிலிருந்து கிளம்பும் வெளிச்சம் இல்லை என்பதால் கருவியின் கணக்கில் வராது.

வேர்ல்ட் அட்லஸ் அந்தச் சிதறலையும் கணக்கிட்டு, ஒவ்வொரு இடத்திலும் உச்சி வானம் எவ்வளவு வெளிச்சமாக இருக்கும் என்று காட்டுகிறது. இடத்தைத் தேர்ந்தெடுக்க இதைத்தான் பார்க்க வேண்டும். ஓர் இடத்தைத் தொட்டால் 20.9, 21.4 என்று ஓர் எண் வரும். எண் கூடக் கூட இருட்டு அதிகம். செயற்கை வெளிச்சமே இல்லாத வானம் 22க்குப் பக்கத்தில் இருக்கும். 21க்கு மேல் கிடைத்தால் பால்வீதி நன்றாகத் தெரியும், 21.5 என்றால் யோசிக்காமல் கிளம்பலாம். 19க்குக் கீழே போனால் அந்த இடத்தை மறந்துவிடுங்கள். எண்ணில் ஒன்று குறைந்தால் வானம் இரண்டரை மடங்கு வெளிச்சம் என்று அர்த்தம். ஆகவே தசமங்களை அலட்சியம் செய்ய வேண்டாம்.

கூடவே போர்ட்டில் வகை என்று 1 முதல் 9 வரை ஓர் எண்ணும் வரும். 2001இல் ஜான் போர்ட்டில் என்ற அமெரிக்க வானியல் ஆர்வலர் வானத்தின் இருட்டுக்கு வகுத்த அளவுகோல் அது. கண்ணால் பார்த்து மதிப்பிடுவதற்காக அவர் எழுதியது; வரைபடம் தானாகப் போடும் போர்ட்டில் எண்ணை நான் அவ்வளவாக நம்புவதில்லை.

அட்லஸிலும் ஒரு குறை இருக்கிறது. பெயரில் 2015 இருந்தாலும் அது வெளியானது 2016இல். அதற்குப் பிறகு வந்த விளக்குகள் அதில் இல்லை. அதனால் அட்லஸில் இடத்தைப் பிடித்துவிட்டு, விஐஐஆர்எஸ் அடுக்கின் சமீபத்திய ஆண்டைப் போட்டுச் சுற்றிலும் பாருங்கள். புதிய தொழிற்சாலை, நெடுஞ்சாலைச் சந்திப்பு, கல் குவாரி எல்லாம் தனிப் பொட்டாகத் தெரியும்.

படி 3: ஊர் முதுகுப் பக்கம் இருக்க வேண்டும்

அட்லஸ் காட்டுவது உச்சி வானத்தை மட்டும். அடிவானத்தில் ஊர்களின் வெளிச்சம் கவிழ்த்த கூடை மாதிரி நிற்பதை அந்த எண் சொல்லாது. உச்சியில் ஒரே எண் உள்ள இரண்டு இடங்களில் ஒன்று அருமையாகவும் மற்றது உதவாததாகவும் இருக்க இதுதான் காரணம்.

எதைப் பார்க்க ஆசைப்படுகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். வட அரைக்கோளத்தில் இருப்பவர்களுக்குப் பால்வீதியின் மையப்பகுதி, அதாவது விருச்சிகமும் தனுசும் இருக்கும் பக்கம், தெற்கில்தான் உச்சத்துக்கு வரும். அப்படியானால் நகரத்துக்குத் தெற்கே போக வேண்டும். அப்போதுதான் நகர வெளிச்சம் வடக்கே, முதுகுப் பக்கம் இருக்கும். தென் அரைக்கோளத்தின் பெரும்பகுதியில் அந்தப் பகுதி தலைக்கு மேலேயே வந்துவிடுவதால் இந்தக் கவலை குறைவு. திசையா, உச்சி எண்ணா என்று தடுமாறினால் நான் திசைக்குத்தான் ஓட்டுப் போடுவேன்: நகரத்துக்குத் தெற்கே 21.0 கிடைத்தால், வடக்கே இருக்கும் 21.3ஐ விட்டுவிடலாம்.

தேர்ந்தெடுத்த இடத்திலிருந்து தெற்கே 60, 70 கிலோமீட்டர் வரை வேறு பெரிய ஊர் இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். இருந்தால் கொஞ்சம் கிழக்கேயோ மேற்கேயோ நகர வேண்டும்.

மலை மறைக்குமே என்று சிலர் கணக்குப் போடுவார்கள். நேரடி விளக்குகளை மறைக்கும், அது நல்லதுதான். வானத்தில் ஏறிய வெளிச்சத்தை மலையால் ஒன்றும் செய்ய முடியாது. தெற்குப் பக்கம் மலை நின்றால் பார்க்க வந்ததையே மறைத்துவிடும்.

படி 4: பகலில் ஒருமுறை போங்கள்

செயற்கைக்கோள் படத்தில் மூன்று நான்கு இடங்களைக் குறித்துக்கொண்டு பகலில் போய்ப் பாருங்கள். அண்ணாந்து பார்த்து மின்கம்பங்களில் விளக்கு மாட்டியிருக்கிறதா என்று கவனியுங்கள். பகலில் அணைந்திருக்கும் விளக்கு கண்ணில் படவே படாது. சாலை வளைவுக்கு எதிரே நிற்காதீர்கள். வளைவில் திரும்பும் ஒவ்வொரு வண்டியின் ஹெட்லைட்டும் நேராக முகத்தில் அடிக்கும். சாலையிலிருந்து சற்று உள்ளே, ஒரு மேடோ புதரோ மறைக்கும் இடம் நல்லது.

அடிவானத்தை முஷ்டியால் அளக்கலாம். கையை நீட்டி மடக்கிய முஷ்டியைப் பிடித்தால் அதன் அகலம் ஏறக்குறைய 10 டிகிரி. தெற்கே மரங்கள் ஒரு முஷ்டிக்கு மேல் உயர்ந்திருந்தால் வேறு இடம் பார்ப்பது நல்லது.

தனியார் நிலம் என்றால் உரிமையாளரிடம் கேட்டுவிடுங்கள். காட்டுப் பகுதியில் இரவில் நுழைய அனுமதி இல்லாமல் போகாதீர்கள். செல்போன் சிக்னல் கிடைக்கிறதா என்று பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். பாம்பு நடமாடும் இடமா என்பதை அங்கேயே வேலை செய்பவர்கள் சொல்வார்கள். தனியாகப் போக வேண்டாம், யாராவது ஒருவரிடம் இடத்தைச் சொல்லிவிட்டுப் போங்கள்.

படி 5: நாளும் நேரமும்

அமாவாசையை ஒட்டிய நாட்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்த ஒரே நாளுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. தேய்பிறை அரை நிலா நள்ளிரவை ஒட்டித்தான் உதிக்கும். அதற்குப் பிந்தைய நாட்களில் இன்னும் தாமதமாக உதிக்கும். எனவே அதிலிருந்து அமாவாசை வரை மாலை வேளைகள் எல்லாம் நமக்குத்தான். சூரியன் மறைந்ததும் வானம் முழு இருட்டாகிவிடாது. சூரியன் அடிவானத்துக்குக் கீழே 18 டிகிரி போக வேண்டும். நிலநடுக்கோட்டை ஒட்டிய நாடுகளில் அதற்கு ஒன்றேகால் மணி நேரம் ஆகும்.

மேகத்துக்கு நான் விண்டி என்ற வானிலைச் செயலியைப் பார்க்கிறேன். மொத்த மேகத்தைப் பார்க்காமல் உயர்மட்ட மேகத்தைத் தனியாகப் பாருங்கள்; வானம் தெளிவாக இருப்பது போலத் தெரிந்தாலும் அந்த மெல்லிய படலம் பால்வீதியைத் தின்றுவிடும். செயலியே இல்லாமல் ஒரு வழி உண்டு. பகலில் ஒரு கட்டடத்தின் நிழலில் நின்று, சூரியன் முழுதாகச் சுவருக்குப் பின்னால் மறையும்படி பார்த்துக்கொண்டு, சுவர் ஓரத்து வானத்தைக் கவனியுங்கள். சூரியனுக்கு மிக அருகிலும் நீலமாக இருந்தால் அன்று கிளம்பலாம். வெள்ளையாக இருந்தால் காற்றில் தூசியோ ஈரமோ அதிகம். மழை பெய்து ஓய்ந்த மறுநாள் பெரும்பாலும் நன்றாக இருக்கும்.

படி 6: இடம் தேறியதா?

போனதும் 20 முதல் 30 நிமிடம் சும்மா இருங்கள். கண் இருட்டுக்குப் பழக அவ்வளவு நேரம் ஆகும். ஒருமுறை செல்போன் திரையைப் பார்த்தால் மறுபடி முதலிலிருந்து. சிவப்பு டார்ச் வாங்குவதைவிட மங்கலான டார்ச் முக்கியம். கடையில் கிடைக்கும் சிவப்பு விளக்குகளில் பாதிக்கு மேல் தேவைக்கு அதிக வெளிச்சம் தருபவை. மேலே இரண்டு அடுக்கு டேப் ஒட்டிவிடுங்கள்.

செல்போனில் வானத்தின் இருட்டை அளக்கும் செயலிகளை நான் பயன்படுத்துவதில்லை. கண்ணே போதும். கார்த்திகைக் கூட்டத்தில் ஆறு நட்சத்திரங்களைப் பிரித்து எண்ண முடிந்தால் இடம் பரவாயில்லை. ஆந்திரமீடா விண்மீன் மண்டலம் வெறும் கண்ணுக்கு ஒரு பஞ்சுத் துணுக்குப் போலத் தெரிந்தால் நல்ல இடம். 25 லட்சம் ஒளியாண்டுத் தூரத்திலிருந்து வரும் வெளிச்சம் அது. பால்வீதிக்குள் கருப்புப் பிளவுகள் தெரிந்தால் அந்த இடத்தை விடாதீர்கள்.

எனக்குப் பிடித்த சோதனை மேகம். நகரத்தில் இரவு மேகம் சாம்பலும் ஆரஞ்சுமாக ஒளிரும். நல்ல இருட்டான இடத்தில் தலைக்கு மேலே மேகம் வந்தால் வெளிச்சமாகத் தெரியாது; அந்த இடத்தில் நட்சத்திரங்கள் இல்லாத கரிய ஓட்டைதான் தெரியும். மேகம் வந்துவிட்டதே என்று புலம்புவதற்கு முன் அதை ஒரு நிமிடம் பாருங்கள்.

பின்னர் சேர்த்தவை

இதைப் படித்த ஒருவர் எழுதியிருந்தார்: வரைபடத்தின் இரண்டு அடுக்குகளிலும் இருட்டாகத் தெரிந்த இடம், இரவு எட்டு மணிக்குப் போனால் பளீரென்று இருக்கிறதாம். பக்கத்தில் விளையாட்டு மைதானம். விஐஐஆர்எஸ் செயற்கைக்கோள் நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணியை ஒட்டித்தான் கடக்கிறது. பத்து பதினொன்றுக்கு அணைத்துவிடும் விளக்குகள் அதில் சிக்காது. அட்லஸும் அதே தரவை வைத்து உருவானதுதான். பகலில் போகும்போது மைதானம், மண்டபம் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். அந்த இடத்தை விட மனமில்லை என்றால் பதினொன்றுக்கு மேல் போகலாம்.

ஏரிக்கரையை நான் பரிந்துரைக்கவில்லையே என்று இன்னொருவர் கேட்டிருந்தார். அடிவானம் திறந்திருக்கும், உண்மைதான். ஆனால் குளிர்ந்த இரவுகளில் நள்ளிரவுக்குப் பிறகு பனிமூட்டம் முதலில் இறங்குவது நீர்நிலை ஓரத்திலும் பள்ளத்திலும்தான். மாலையில் பார்த்துவிட்டுத் திரும்புவதானால் ஏரிக்கரை நல்ல இடமே. விடியற்காலை வரை இருப்பதாக இருந்தால் சற்று மேடான இடமாகப் பாருங்கள்.

கார் விளக்கைப் பற்றிப் பலர் கேட்டுவிட்டார்கள். கதவைத் திறந்தால் உள்விளக்கு எரியும், ரிமோட்டை அழுத்தினால் இண்டிகேட்டர் மின்னும், சில வண்டிகளில் ஹெட்லைட்டும் சேர்ந்து எரியும். கூட இருப்பவர்கள் அரை மணி நேரம் பழக்கிய கண் ஒரு நொடியில் போய்விடும். வீட்டிலேயே உள்விளக்கு சுவிட்சை அணைத்து வையுங்கள். தேவைப்படும் பொருட்களை எல்லாம் இறங்கும்போதே எடுத்துக்கொண்டு சாவியால் பூட்டுங்கள்.