ஆடிக்கொண்டே கொரியோகிராஃபி படிக்கப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிர்த்துவிடுங்கள்

பத்துப் பன்னிரண்டு வருடம் மேடையில் ஆடிவிட்டு நடன அமைப்பில் முதுகலை படிக்கப் போகிறவர்களுக்கு ஒரு வினோதமான சிக்கல் உண்டு. இத்தனை நாள் சோறு போட்ட பழக்கங்களே அங்கே காலை வாரும். சொன்னதை உடனே பிடித்துக்கொள்வது, எந்த வாய்ப்பு வந்தாலும் தலையாட்டுவது, கேள்வி கேட்காமல் ஆடிக் காட்டுவது. நானும் இந்த மூன்றையும் சுமந்துகொண்டுதான் போனேன். கீழே சொல்லியிருப்பதில் பாதி நானே செய்த தவறுகள். மீதி, கூடப் படித்தவர்கள் செய்தவை.

முதல் சறுக்கல் விண்ணப்பத்திலேயே நடந்துவிடுகிறது. படைப்பு மாதிரி கேட்டால், பல நிகழ்ச்சிகளிலிருந்து வெட்டி ஒட்டிய இரண்டு நிமிட ரீலை அனுப்பிவிடுகிறோம். நல்ல குதி, நல்ல சுழற்சி, முகத்துக்கு ஒரு குளோசப். ஆடிஷனுக்கு அது சரி. இங்கே தேர்வுக்குழு பார்ப்பது வேறு: ஒரு யோசனையை எடுத்து ஐந்து நிமிடத்துக்குக் கொண்டுபோக இவருக்குத் தெரிகிறதா, மேடையின் இடது மூலையில் ஒன்று நடக்கும்போது வலது மூலையை என்ன செய்கிறார். அதற்கு ஒரே இடத்தில் வைத்த கேமரா, முழு மேடையும் தெரிகிற சட்டகம், வெட்டாத ஒரு நீளமான பகுதி, இவை போதும். ஒத்திகைக் கூடத்தில் மூன்று பேரை வைத்து எடுத்த மங்கலான வீடியோகூடப் பரவாயில்லை, அது உங்கள் படைப்பாக இருந்தால். என் முதல் விண்ணப்பத்தோடு போன வீடியோவில் ஐந்து நடன அமைப்பாளர்களின் வேலை இருந்தது. என்னுடையது ஒரு நொடிகூட இல்லை. இடம் கிடைக்கவில்லை என்று அப்போது ஆச்சரியப்பட்டேன்!

அப்புறம், பட்டத்தின் பெயரை மட்டும் பார்த்துச் சேர்வது. அமெரிக்காவில் எம்எஃப்ஏ, அதாவது நுண்கலை முதுகலைப் பட்டம் என்றால் பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று வருடம். பல்கலைக்கழகத்தில் நடனம் கற்பிக்க அங்கே அதையே துறையின் இறுதிப் பட்டமாக, அதாவது அதற்கு மேல் வேறு பட்டம் தேவையில்லாததாக ஏற்றுக்கொள்கிறார்கள். பிரிட்டனில் முழுநேர எம்ஏ வழக்கமாக ஒரே வருடத்தில் முடிந்துவிடும். பின்னாளில் ஆசிரியர் வேலைக்குப் போகும் எண்ணம் இருந்தால், எந்த நாட்டில் எதை ஏற்பார்கள் என்று முதலிலேயே விசாரித்துவிடுவது நல்லது.

வேலையில் இருப்பவர்களை இழுப்பது லோ-ரெசிடென்சி படிப்புகள். கோடையில் சில வாரங்கள் நேரில், மற்ற மாதங்களில் இருந்த இடத்திலிருந்தே. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்த ‘லோ’ என்ற சொல்லை நம்பி ஏமாறுகிறவர்கள் அதிகம். நேரில் போகாத மாதங்களிலும் வாசிப்பு, கட்டுரை, ஆன்லைன் வகுப்பு எல்லாம் ஓடிக்கொண்டே இருக்கும். போதாக்குறைக்கு, பல நாடுகளில் கோடைதான் நடன விழாக்களின் காலம். படிப்பின் நாட்காட்டியையும் உங்கள் குழுவின் நாட்காட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். இல்லாவிட்டால் ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்தான்.

கல்லூரியின் நிதி நிலைமையையும் விசாரிக்கலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பிலடெல்பியாவில் இருந்த யுனிவர்சிட்டி ஆஃப் தி ஆர்ட்ஸ், நடனத்துக்குப் பேர் போன இடம். 2024 மே 31 அன்று மூடப்போவதாகச் செய்தி வந்தது. ஜூன் 7 அன்று மூடியே விட்டார்கள். படித்துக்கொண்டிருந்தவர்களுக்குக் கிடைத்த அவகாசம் ஒரு வாரம்.

வெளிநாடு போகிறவர்கள் விசா நிபந்தனைகளை வரி வரியாகப் படிக்க வேண்டும். ‘வார இறுதியில் ஒரு நிகழ்ச்சி ஆடினால் செலவுக்கு ஆகும்’ என்ற கணக்கு அங்கேதான் உதைக்கும். பிரிட்டனின் மாணவர் விசாவில் சுயதொழில் செய்யக்கூடாது, தொழில்முறைக் கேளிக்கைக் கலைஞராக வேலை பார்க்கவும் கூடாது. அமெரிக்காவின் எஃப்-1 மாணவர் விசாவில், வகுப்பு நடக்கும் காலத்தில் வளாகத்துக்குள் வாரம் இருபது மணி நேரம் வரைதான் வேலை பார்க்கலாம். வெளியே சம்பளத்துக்கு ஆட முன் அனுமதி வேண்டும். இதை அலட்சியப்படுத்தினால் போவது சம்பளம் மட்டும் இல்லை, படிப்பே போய்விடும்.

சரி, உள்ளே வந்தாயிற்று. இனிமேல்தான் பெரிய தவறு.

முதல் பருவத்தில் எனக்கு நான்கு இளங்கலை மாணவிகளைக் கொடுத்தார்கள். வாரம் இரண்டு ஒத்திகை, ஒவ்வொன்றும் இரண்டு மணி நேரம். முன்னால் நின்று ஆடிக் காட்டினேன். அவர்கள் பார்த்துப் பார்த்து ஆடினார்கள். மூன்றாவது வாரம் பேராசிரியர் வந்து பார்த்தார். “நாலு பேர் இருக்காங்க. ஆனா நான் உங்களைத்தான் நாலு தடவை பார்த்தேன்” என்றார். அடுத்த இரண்டு வாரத்துக்கு எனக்கு ஒரு நாற்காலி. எழுந்திருக்கக் கூடாது, கையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும், வாயால் மட்டுமே சொல்ல வேண்டும். முதல் நாள் நாக்கு ஒட்டிக்கொண்டது. கடைசியில், “வலது கை கனத்துக்கொண்டே போகிறது, உடம்பு அதைத் தூக்க மறுக்கிறது” என்று மட்டும் சொன்னேன். ஒருத்திக்குத் தோள் முதலில் இறங்கியது. ஒருத்தி முழங்கையை முழங்காலில் சாய்த்தாள். இன்னொருத்தி தரையில் உட்கார்ந்தே விட்டாள். நான்காமவள் ஒன்றுமே செய்யாமல் தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த நிற்றல்தான் கடைசி வரை அந்தப் படைப்பின் தொடக்கமாக இருந்தது. என் உடம்பில் அது வந்திருக்கவே வந்திருக்காது. சும்மா நிற்க எனக்குத் தெரியாது.

நம் உடம்புக்குத் தெரிந்ததை இன்னொரு உடம்புக்கு ஏற்றுவதுதான் நடன அமைப்பு என்று ஆடுகிறவர்கள் நினைத்துவிடுகிறோம். 1960இல் நியூயார்க்கில் நவீன நடன அமைப்பாளர் மெர்ஸ் கன்னிங்ஹாமின் ஸ்டுடியோவில் நடன அமைப்பு வகுப்பு எடுக்கத் தொடங்கிய ராபர்ட் டன் ஒரு இசைக்கலைஞர். அவர் அடவு எதுவும் சொல்லித்தரவில்லை. செய்து பார்க்கச் சின்னச் சின்ன வேலைகளும் விதிகளும்தான் கொடுத்தார். அந்த வகுப்பிலிருந்து கிளம்பியவர்கள்தான் 1962இல் அதே ஊரின் ஜட்சன் தேவாலயத்தில் நிகழ்ச்சி நடத்தி நவீன நடனத்தின் போக்கையே திருப்பினார்கள்.

கருத்துக் கேட்பதிலும் பழைய பழக்கம் தொந்தரவு செய்யும். குரு ‘கையை உயர்த்து’ என்றால் உயர்த்தி வளர்ந்தவர்கள் நாம். அதனால் வகுப்பில் யார் என்ன சொன்னாலும் திருத்தமாகவே காதில் விழுகிறது. ஒரு முறை ஏழு பேர் சொன்ன ஏழையும் சேர்த்து மாற்றினேன். அடுத்த வாரம் அந்த ஏழு பேருக்குமே பிடிக்கவில்லை. லிஸ் லெர்மன் என்ற அமெரிக்க நடன அமைப்பாளர் 1990 வாக்கில் இதற்கென்றே நான்கு படி கொண்ட ஒரு முறையை உருவாக்கினார். முதலில் பார்த்தவர்கள் தங்களுக்கு எது மனதில் நின்றது என்று சொல்வார்கள். அடுத்து படைத்தவர் கேள்வி கேட்பார். மூன்றாவது, பார்த்தவர்கள் உள்நோக்கம் இல்லாத கேள்விகளைக் கேட்பார்கள். அபிப்பிராயம் வருவது கடைசியில்தான், அதுவும் படைத்தவர் அனுமதித்தால். இந்த முறை உங்கள் வகுப்பில் இல்லாவிட்டாலும் இரண்டாவது படியை நீங்களாகவே வைத்துக்கொள்ளலாம். ‘எப்படி இருந்தது?’ என்று கேட்காதீர்கள், ‘நல்லா இருந்தது’ என்றுதான் பதில் வரும். ‘அந்த இரண்டு பேரும் சகோதரிகளாகத் தெரிந்தார்களா, போட்டியாளர்களாகவா?’ என்று கேட்டுப் பாருங்கள்.

எழுத்து வேலையைக் கடைசி மாதத்துக்குத் தள்ளிப்போடாதவர் யாருமில்லை. ஆய்வேட்டுக்கு உட்காரும்போது எந்த ஒத்திகையில் என்ன மாறியது என்று ஒன்றுமே நினைவிருக்காது. ஒவ்வொரு ஒத்திகை முடிந்ததும் பத்து நிமிடம் போதும்: என்ன கேட்டேன், என்ன வந்தது, எதைத் தூக்கிப்போட்டேன். வீடியோவுக்கு அன்றைய தேதியையே பெயராக வையுங்கள். ‘ஃபைனல்’, ‘ஃபைனல் புதுசு’ என்றெல்லாம் வைத்துவிட்டு நான் பட்ட பாடு போதும்.

உடம்பைப் பற்றி ஒன்றே ஒன்று. மூன்று மணி நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டு, திடீரென எழுந்து ஒரு குதியைச் செய்து காட்டும்போதுதான் தசை பிடிக்கும். அன்று நீங்கள் ஆடாவிட்டாலும் வார்ம்அப் செய்துவிடுங்கள்.

கடைசியாக, உரிமை விவகாரம். அரங்கில் பாட்டைப் போடக் கல்லூரி வாங்கி வைத்திருக்கும் உரிமம், அதே பாட்டோடு வீடியோவை இணையத்தில் ஏற்றுவதற்கும் செல்லும் என்று நினைக்காதீர்கள். படத்தோடு இசையைச் சேர்க்கத் தனி அனுமதி வேண்டும். இரண்டு வருட உழைப்பு ஊமைப் படமாகக் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். அங்கேயே இசையமைப்பு படிக்கும் ஒருவரைப் பிடித்து, எழுத்தில் ஒப்பந்தம் போட்டுக்கொண்டால் இந்தத் தலைவலி இல்லை. நடனத்துக்கும் இதே கதைதான். அமெரிக்க நவீன நடனத்தின் முன்னோடி மார்த்தா கிரஹாம் 1991இல் இறந்தார். அவருடைய பல நடனங்கள் அவர் வாரிசுக்குச் சேராது, அவர் ஊழியராக இருந்த நடன மையத்துக்கே சொந்தம் என்று 2002இல் அமெரிக்க நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2004இல் மேல்முறையீட்டிலும் பெரும்பகுதி அப்படியே நின்றது. அவருக்கே அந்த நிலை. பட்டத்துக்காகச் செய்யும் படைப்பையே சம்பளம் தரும் குழுவுக்கும் கொடுக்கிறீர்கள் என்றால், அது யாருடையது என்று இரண்டு வரியாவது எழுதி வாங்குங்கள். என்னோடு படித்த ஒருவர் வாங்கவில்லை. இப்போது தன் ஆய்வேட்டு நடனத்தை இன்னொரு மேடையில் ஆட, பழைய குழுவிடம் அனுமதி கேட்டு மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டிருக்கிறார்.