கர்ப்பகால நீரிழிவில் தாயின் உணவும் குழந்தையின் பசியும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கர்ப்பகாலத்தில் நீரிழிவு இருப்பதாகத் தெரிந்த நாள் முதல் ஒரு பெண்ணின் சாப்பாடு முழுவதும் எண்களின் பிடிக்குள் போய்விடுகிறது. இரத்தச் சர்க்கரை வெறும் வயிற்றில் டெசிலிட்டருக்கு 95 மில்லிகிராமுக்குக் கீழ், சாப்பிட்ட ஒரு மணி நேரத்தில் 140க்குக் கீழ், இரண்டு மணி நேரத்தில் 120க்குக் கீழ் என்பவையே பெரும்பாலான மருத்துவர்கள் வைக்கும் இலக்குகள். இவை தேவையான இலக்குகள்தாம். இவற்றைப் பிடிவாதமாகக் காப்பாற்றும் தாய்மாரின் உழைப்பு சாதாரணமானதல்ல. ஆனால் தாயின் தட்டிலிருந்து கருவிலிருக்கும் குழந்தைக்கு இரண்டு வழிகளில் செய்தி போகிறது. இரத்தத்தின் வழியே குளுக்கோஸ் போகிறது. பனிக்குடநீரின் வழியே சுவையும் மணமும் போகின்றன. இரத்தச் சர்க்கரையை அளக்கும் குளுக்கோமீட்டர் முதல் வழியை மட்டுமே காட்டும். இந்த விஷயத்தில் நேரும் தவறுகளில் பெரும்பாலானவை, இரண்டாவது வழியை அறவே மறந்துவிடுவதாலோ, குழந்தை பிறந்தவுடன் இரண்டையும் சேர்த்து மறந்துவிடுவதாலோ நேர்கின்றன.

முதல் வழி எப்படி வேலை செய்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் மற்றவை எளிதாகப் புரியும். தாயின் குளுக்கோஸ் நஞ்சுக்கொடியைத் தாராளமாகக் கடக்கிறது. தாயின் இன்சுலின் கடப்பதில்லை. எனவே தாயின் இரத்தத்தில் சர்க்கரை கூடும்போது, வந்து சேரும் உபரியைக் கையாளக் குழந்தையின் சின்னஞ்சிறு கணையமே கூடுதல் இன்சுலினைச் சுரக்க வேண்டியிருக்கிறது. டென்மார்க் மருத்துவர் யோர்கன் பெடர்சன் 1950களில் முன்வைத்த இந்த விளக்கமே இன்றளவும் இத்துறையின் அடித்தளமாக இருக்கிறது. கூடுதல் இன்சுலின் குழந்தையின் உடலில் கொழுப்பைச் சேர்க்கிறது என்பது பலருக்கும் தெரியும். அதே காலத்தில்தான் பசியையும் நிறைவையும் உணர்த்தும் மூளைப் பகுதியான ஹைப்போதலாமஸில் நரம்பு இணைப்புகள் உருவாகின்றன என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அந்த இணைப்புகள் எலிகளுக்குப் பிறந்த பின் பாலூட்டும் நாட்களிலும், மனிதர்களுக்குப் பெரிதும் கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களிலும் அமைகின்றன. பாலூட்டும் தாய் எலிக்குக் கொழுப்பு மிகுந்த உணவைக் கொடுத்தபோது குட்டிகளின் உடலில் இன்சுலின் கூடி, நிறைவுணர்வை எடுத்துச் செல்லும் நரம்புகள் சரிவர வளரவில்லை என்று 2014இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. எலியில் கண்டதை அப்படியே மனிதருக்குப் பொருத்திவிட முடியாது. ஆயினும் கடைசி மூன்று மாதங்களில் தாய் எடுத்துக்கொள்ளும் கவனம் பிறப்பு எடையைக் குறைப்பதற்கு மட்டுமானது என்று எண்ணுவது குறைபட்ட பார்வை.

“லேசான சர்க்கரைதானே, மருந்துகூட இல்லையே” என்ற ஆறுதலே முதலில் தவிர்க்க வேண்டியது. ஒன்பது நாடுகளில் ஏறத்தாழ 25,000 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து, 2008இல் வெளியான ஹேப்போ ஆய்வு, தாயின் சர்க்கரை அளவு கூடக்கூடக் குழந்தையின் எடையும் அதன் உடலில் ஊறும் இன்சுலினும் படிப்படியாகக் கூடுவதைக் கண்டது. இந்த அளவுவரை ஒன்றுமில்லை, இதற்கு மேல்தான் ஆபத்து என்று கோடு கிழிக்கும்படியான இடம் எதுவும் அதில் தென்படவில்லை. அந்தக் குழந்தைகளில் பலரை 10 முதல் 14 வயதில் மீண்டும் பார்த்தபோதும் தாயின் அன்றைய சர்க்கரைக்கும் பிள்ளையின் இன்றைய உடற்கொழுப்புக்கும் தொடர்பு இருந்தது.

இந்த ஆறுதலின் மறுமுனையில் நிற்கிறது பட்டினி. என் கணிப்பில் இதுவே மிகப் பரவலான தவறு, அதிலும் அக்கறை மிகுந்த பெண்களே செய்யும் தவறு. எண் கூடிவிடுமோ என்று பயந்து ஒரு வேளையைத் தவிர்ப்பது, தானியத்தை முற்றிலும் விலக்குவது, இரவுச் சாப்பாட்டை ஒரு கோப்பைப் பாலோடு முடித்துக்கொள்வது ஆகியவை எல்லாம் குளுக்கோமீட்டரில் அழகான எண்களைத் தரும். கர்ப்பிணிக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 175 கிராம் மாவுச்சத்தும், ஏறத்தாழ 71 கிராம் புரதமும், 28 கிராம் நார்ச்சத்தும் தேவை என்பது அமெரிக்க ஊட்டச்சத்துப் பரிந்துரை. நீரிழிவு வந்துவிட்டது என்பதற்காக இந்தத் தேவை குறைந்துவிடுவதில்லை. மாவுச்சத்து மிகவும் குறைந்தால் தாயின் உடல் கொழுப்பை எரிக்கத் தொடங்கி, இரத்தத்தில் கீட்டோன்கள் பெருகுகின்றன. அவையும் நஞ்சுக்கொடியைக் கடப்பவையே. கர்ப்பத்தில் வேறு எவரையும்விட விரைவாக இந்த நிலை வந்துவிடுகிறது. கருவில் பட்ட பட்டினி பிற்காலத்தில் என்ன செய்யும் என்பதற்கு 1944–45 குளிர்காலத்தில் நெதர்லாந்தில் ஏற்பட்ட பஞ்சம் துயரமான சான்று. அப்போது கருவில் இருந்தவர்களிடம் நடுவயதில் சர்க்கரையைக் கையாளும் திறன் குறைந்திருந்தது. கர்ப்பத்தின் தொடக்கத்தில் பஞ்சத்தில் சிக்கியவர்களிடம் உடற்பருமனும் கூடியிருந்தது.

இதைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். இரண்டு பெண்கள் மதிய உணவுக்கு ஒரு மணி நேரம் கழித்துச் சோதிக்கிறார்கள். இருவருக்கும் 128 என்று காட்டுகிறது. ஒருவர் தட்டில் பாதியளவு காய்கறியும் கீரையும், கால்பங்கு தவிடு நீக்காத தானியமும், மீதியில் பயறோ முட்டையோ மீனோ இருந்தன. மற்றவர் தானியத்தைத் தொடவே இல்லை. இரண்டு துண்டு பாலாடைக்கட்டியும், பசி அடங்கச் சர்க்கரையில்லாக் குளிர்பானமும் எடுத்துக்கொண்டார். குறிப்பேட்டில் இரண்டு நாட்களும் ஒன்றுபோலவே பதிவாகும், மருத்துவரும் இருவரையும் பாராட்டி அனுப்பக்கூடும். ஆனால் இரு குழந்தைகளுக்கும் கிடைத்தது ஒன்றல்ல. ஆகவே அளவுகளை எழுதிவைக்கும் குறிப்பேட்டில் எண்ணுக்குப் பக்கத்தில் அந்த வேளையின் உணவையும் எழுதிவைக்க வேண்டும். உணவு சரியாக இருந்தும் எண் இலக்கைத் தாண்டுகிறதென்றால் அப்போது தேவைப்படுவது இன்சுலின். உணவை மேலும் குறைப்பது அதற்கு மாற்றாகாது. இன்சுலின் போட நேர்வதைத் தோல்வியாக எண்ணித் தட்டைச் சுருக்கிக்கொள்ளும் தாய்மாரைப் பற்றி நினைக்கும்போது மனம் வருந்துகிறது.

அந்தக் குளிர்பானத்தைப் பற்றியும் தனியாகச் சொல்ல வேண்டும். செயற்கை இனிப்பூட்டிகள் இரத்தச் சர்க்கரையை ஏற்றுவதில்லை என்பதால் அவற்றை எவ்வளவும் எடுக்கலாம் என்ற எண்ணம் பரவியிருக்கிறது. கர்ப்பகால நீரிழிவு இருந்த டென்மார்க் பெண்களின் பிள்ளைகளை ஏழு வயதுவரை தொடர்ந்து, 2017இல் வெளியான ஆய்வில், இத்தகைய பானத்தை நாள்தோறும் அருந்திய தாய்மாரின் பிள்ளைகளிடம், அதைத் தொடாத தாய்மாரின் பிள்ளைகளைவிட அதிக எடை இருக்கும் வாய்ப்பு ஏறத்தாழ இருமடங்காகக் காணப்பட்டது. இது தொடர்பைக் காட்டுகிறதே தவிர, காரணத்தை உறுதிசெய்யவில்லை. ஆனாலும் சில இனிப்பூட்டிகள் தாய்ப்பாலிலும் கலக்கின்றன என்பது அறியப்பட்ட செய்தி. தண்ணீரால் தீரும் தாகத்துக்கு இனிப்பைப் பழக்குவானேன்?

இனி இரண்டாவது வழிக்கு வருவோம். கருவின் சுவை மொட்டுகள் முதல் மூன்று மாதங்களுக்குள் உருவாகத் தொடங்கிவிடுகின்றன. நிறைமாதம் நெருங்கும்போது குழந்தை நாளொன்றுக்கு அரை லிட்டருக்கும் கூடுதலான பனிக்குடநீரை விழுங்குகிறது. தாய் உண்ட பூண்டு, சோம்பு, கேரட் போன்றவற்றின் மணம் அந்த நீரில் ஏறியிருக்கிறது. அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஜூலி மெனெல்லா குழுவினர் நடத்தி 2001இல் வெளியிட்ட ஆய்வு இதை அழகாகக் காட்டியது. கடைசி மூன்று மாதங்களில் கேரட் சாறு குடித்த தாய்மாரின் குழந்தைகள், பிறகு கேரட் மணமுள்ள கூழை முதன்முதலாகச் சுவைத்தபோது, மற்றக் குழந்தைகளைவிடக் குறைவாகவே முகம் சுளித்தார்கள். பாலூட்டும் காலத்தில் அந்தச் சாற்றைக் குடித்த தாய்மாரின் குழந்தைகளிடமும் இதே விளைவு தெரிந்தது.

நீரிழிவுள்ள கர்ப்பிணிகள் இங்கேதான் பெரிதாக இழக்கிறார்கள். “இது ஏற்றாது” என்று ஒருமுறை உறுதியான நான்கு பண்டங்களையே மாதக்கணக்கில் திரும்பத் திரும்ப உண்கிறார்கள். எண் நிலைத்திருக்கிறது, குழந்தைக்கு அறிமுகமாகும் சுவைகளோ நான்கோடு நின்றுவிடுகின்றன. சர்க்கரையை ஏற்றாத உணவுகளின் உலகம் உண்மையில் மிகப் பெரியது: கசப்பான கீரைகள், துவர்ப்புள்ள காய்கள், கோசு வகைகள், விதவிதமான பயறுகள், மணம் கூட்டும் இலைகள், நறுமணப் பொருள்கள். இனிப்பை விரும்பும் இயல்போடுதான் எல்லாக் குழந்தைகளும் பிறக்கின்றன, அதை யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை; கசப்புதான் பழகிப் பிடிக்க வேண்டியது. எனவே வாரந்தோறும் புதிதாக ஒரு காயையோ கீரையையோ சேர்த்து, சாப்பிட்ட ஒரு மணி நேரத்தில் அளவைச் சோதித்து, ஒத்துக்கொண்டால் பட்டியலில் வைத்துக்கொள்வது நல்ல வழி. காயாக உண்ண முடிவதைச் சாறாகக் குடிக்க வேண்டாம். நார்ச்சத்து குறைந்துவிடுவதால் சாறு சர்க்கரையை விரைவாக ஏற்றும்.

பிறந்த பின் நேரும் தவறுகள் முதல் மணி நேரத்திலேயே தொடங்கிவிடுகின்றன. தொப்புள்கொடி வெட்டப்பட்டதும் தாயிடமிருந்து வந்த குளுக்கோஸ் நின்றுவிடுகிறது, குழந்தையின் உடலில் உள்ள கூடுதல் இன்சுலினோ உடனே குறைவதில்லை. அதனால் அதன் சர்க்கரை சட்டென இறங்கக்கூடும். உறங்கிக்கொண்டே இருக்கும் குழந்தையைப் பார்த்து “சமர்த்துப் பிள்ளை, பசியே இல்லை” என்று விட்டுவிடுவது இந்த நேரத்தில் ஆபத்தானது. பாலருந்தாமல் சோர்ந்திருப்பது, கைகால் நடுங்குவது, உடல் குளிர்ந்திருப்பது ஆகியவை சர்க்கரை இறங்கியதன் அறிகுறிகளாக இருக்கலாம். எந்த அறிகுறியும் இல்லாமலும் அது இறங்கலாம். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாயின் மார்போடு அணைத்துச் சீம்பால் கொடுக்க வேண்டும். பின்னர் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை எழுப்பியாவது பாலூட்ட வேண்டும். மருத்துவமனையில் குழந்தையின் குதிகாலில் துளி இரத்தம் எடுத்துச் சர்க்கரை பார்க்கும் சோதனைகளை வேண்டாமென்று சொல்லக்கூடாது. சர்க்கரைத் தண்ணீரும் தேனும் ஒருபோதும் கூடாது. ஒரு வயதுக்குள் தேன் கொடுப்பதில் பொட்டுலிசம் என்னும் கொடிய நச்சுநோய் அபாயமும் இருக்கிறது.

இதே நாட்களில் இரண்டு தடைகள் சேர்ந்து வருகின்றன. நீரிழிவுள்ள தாய்க்குப் பால் பெருகி வருவது சற்றுத் தாமதமாகலாம். இன்னொரு புறம், இன்சுலின் தேவைப்பட்ட தாய்மாரின் குழந்தைகள் பிறந்த முதல் நாட்களில் குறைந்த எண்ணிக்கையில்தான் உறிஞ்சுகின்றன, அந்த உறிஞ்சலின் தாளமும் முதிர்ச்சியடையாமல் இருக்கிறது என்று ஆய்வில் அளந்து பார்த்திருக்கிறார்கள். பார்க்கப்போனால் இப்படித்தான் தெரியும்: மூன்று நான்கு முறை உறிஞ்சும், நிறுத்தும், கண் சொருகும், உதடு தளரும். குழந்தைக்கு வேண்டாம் என்பதல்ல இதன் பொருள், களைப்பு. தோலோடு தோலாக அணைத்துக்கொள்வதும், மார்பை மெல்ல அழுத்திப் பால் வரச் செய்வதும், பக்கம் மாற்றிக் கொடுப்பதும், சீம்பாலைப் பீய்ச்சிக் கரண்டியால் புகட்டுவதும் இந்த நாட்களைக் கடக்க உதவும். தாய்ப்பால் போதவில்லை என்று முதல் இரண்டு நாட்களிலேயே முடிவு கட்டி நிரந்தரமாகப் புட்டிக்கு மாறுவதுதான் தவறு. மருத்துவக் காரணத்துக்காக மாவுப்பால் கொடுக்க நேர்ந்தால், அதை மருந்தாகக் கருதிக் கொடுத்துவிட்டு மார்பூட்டலைத் தொடரலாம்.

சில வாரங்கள் கழித்து நிலைமை தலைகீழாகிறது. பெரிய எடையில் பிறந்த குழந்தைக்குப் பெரிய வயிறு என்று எண்ணி, அழும்போதெல்லாம் பாலும், புட்டியில் கடைசிச் சொட்டுவரையும் புகட்டுகிறார்கள். குழந்தை முகத்தைத் திருப்பிக்கொள்கிறது, கைகளை விரிக்கிறது, உதட்டை மூடுகிறது. இவை “போதும்” என்பதற்கான அடையாளங்கள். கருவில் மிகுந்த சர்க்கரையைக் கண்ட குழந்தைக்கு நிறைவுணர்வு சற்றுத் தளர்ந்திருக்க வாய்ப்புண்டு என்பதால் இந்த அடையாளங்களை மதிப்பது அங்கே கூடுதல் அவசியமாகிறது.

ஆறு மாதம் முடிந்து இணை உணவு தொடங்கும்போது, ஒரு காயை இரண்டு முறை துப்பியதும் “இவனுக்குப் பிடிக்காது” என்று கைவிடுவது எல்லா வீட்டிலும் நடப்பது. புதிய சுவையை ஏற்க எட்டுப் பத்து முறை தேவைப்படலாம். அதைச் சர்க்கரை கலந்து ஏற்கச் செய்வது குறுக்குவழி, அதன் விலையும் பெரிது. பிரிட்டனில் சர்க்கரையை அளவோடு மட்டுமே விற்ற பங்கீட்டு முறை 1953 செப்டம்பரில் நீங்கியதும் சர்க்கரை நுகர்வு ஏறக்குறைய இருமடங்கானது. பங்கீட்டுக் காலத்தில் கருவிலும் முதல் இரண்டு ஆண்டுகளிலும் இருந்தவர்களுக்குப் பிற்காலத்தில் இரண்டாம் வகை நீரிழிவு ஏறத்தாழ 35 விழுக்காடும், உயர் இரத்த அழுத்தம் 20 விழுக்காடும் குறைவாக இருந்ததை 2024இல் வெளியான ஆய்வு காட்டியது. கருவில் மட்டும் பங்கீட்டைக் கண்டவர்களுக்கும் அந்தப் பாதுகாப்பில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு கிடைத்தது. அது நீரிழிவுள்ள தாய்மாரைப் பற்றிய ஆய்வல்ல. ஆனால் அவர்களுடைய குழந்தைகளுக்கு இந்தச் செய்தி கூடுதலாகவே பொருந்தும் என்பது என் எண்ணம். இரண்டு வயதுவரை சேர்த்த சர்க்கரையே வேண்டாம்.

கர்ப்பகாலக் கட்டுப்பாட்டோடு கடமை முடிந்தது என்று நினைப்பதும், கருவிலேயே எல்லாம் தீர்மானமாகிவிட்டது என்று சோர்வதும் ஒன்றுக்கொன்று எதிரான தவறுகள். இரண்டுக்கும் ஒரே ஆய்வு பதில் சொல்கிறது. ஆஸ்திரேலியக் குழுவினர் 2005இல் வெளியிட்ட ஆய்வில், கர்ப்பகால நீரிழிவுக்கு உணவு ஆலோசனையும் சிகிச்சையும் பெற்ற தாய்மாரிடம், நான்கு கிலோவுக்கு மேற்பட்ட பிறப்பு எடை 21 விழுக்காட்டிலிருந்து 10 விழுக்காடாகக் குறைந்தது. ஆனால் அந்தக் குழந்தைகளை நான்கு, ஐந்து வயதில் அளந்தபோது சிகிச்சை பெற்ற பிரிவுக்கும் மற்றப் பிரிவுக்கும் உடல் நிறைக் குறியீட்டில் வேறுபாடு இருக்கவில்லை. இடைப்பட்ட ஆண்டுகளின் உணவுக்கும் வலிமை உண்டு என்றே இதை நான் வாசிக்கிறேன்.

இறுதியாக, எளிதாக மறந்துபோகும் ஒன்று உண்டு. குழந்தை பிறந்த 4 முதல் 12 வாரங்களுக்குள் தாய் குளுக்கோஸ் சோதனை செய்துகொள்ள வேண்டும். அதன்பிறகும் ஒன்று முதல் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை சோதனை தொடர வேண்டும். கர்ப்பகால நீரிழிவு கண்டவர்களுக்கு இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். சர்க்கரை கூடியிருப்பது தெரியாமலே அடுத்த கரு உருவானால், 24 முதல் 28ஆம் வாரம் வரையிலான வழக்கமான சோதனைக்கு முன்பே அந்தக் குழந்தை பல மாதங்களை மிகுந்த சர்க்கரையில் கழித்திருக்கும்.