டிராஃப்ட் லீக்கில் பிறர் கவனிக்காத வீரர்களைக் கண்டெடுப்பது எப்படி?

இங்கிலாந்தின் பிரீமியர் லீக் கால்பந்து வீரர்களை வைத்துக் கற்பனை அணி அமைத்து, அவர்களுடைய உண்மையான ஆட்டத்துக்கு ஏற்பப் புள்ளி பெறும் விளையாட்டு ஃபேண்டஸி பிரீமியர் லீக். அதன் வழக்கமான வடிவத்தை ஆடிப் பழகியவர்கள், ஒரு குழுவினர் சுற்றுச் சுற்றாக முறைவைத்து வீரர்களை எடுக்கும் டிராஃப்ட் வடிவத்துக்கு வரும்போது தடுமாறுவது ஒரே ஒரு விதியில்தான்: ஒரு குழுவுக்குள் ஒரு வீரர் ஓர் அணிக்கு மட்டுமே சொந்தம். ஹாலண்டை ஒருவர் எடுத்துவிட்டால் மற்றவர்களுக்கு அவர் இல்லை. வீரர்களுக்கு விலை கிடையாது, கேப்டனும் கிடையாது. முதல் மூன்று, நான்கு சுற்றுகளில் எல்லாரும் எல்லாருக்கும் தெரிந்த பெயர்களையே எடுப்பதால் அணிகளுக்கிடையில் பெரிய வேறுபாடு அங்கே உருவாவதில்லை. ஏழாம் சுற்றுக்குப் பிறகு, பட்டியலில் வெகு கீழே கிடக்கும் பெயர்களிலிருந்து யார் யாரைப் பொறுக்கி எடுக்கிறார்கள் என்பதில்தான் அது உருவாகிறது.

கவனிக்கப்படாத வீரர் என்றதும் யாருமே கேள்விப்படாத பதினெட்டு வயது இளைஞரைத் தேட வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் அப்படிப்பட்ட தேடல் பெரும்பாலும் வீண். நமக்கு வேண்டியவர், எல்லாருக்கும் பெயர் தெரிந்தும் சென்ற பருவத்தின் மொத்தப் புள்ளி குறைவாக இருப்பதால் ஒதுக்கப்பட்டவர். சென்ற ஆண்டுக்கும் இந்த ஆண்டுக்கும் இடையில் அவருடைய வேலை மாறியிருக்க வேண்டும். பட்டியலில் உள்ள எண் பழைய வேலைக்குக் கிடைத்தது. நீங்கள் எடுக்கப்போவது புதிய வேலையை.

முதலில் ஒரு சின்னக் கணக்கு

ஒவ்வோர் அணியிலும் 15 பேர்: 2 கோல்கீப்பர்கள், 5 தடுப்பாட்ட வீரர்கள், 5 நடுக்கள வீரர்கள், 3 முன்கள வீரர்கள். எட்டுப் பேர் ஆடும் குழு என்றால் 120 வீரர்கள் எடுக்கப்படுவார்கள். அவர்களில் 40 பேர் தடுப்பாட்ட வீரர்கள், 24 பேர் முன்கள வீரர்கள். பிரீமியர் லீக்கில் 20 கிளப்புகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் நான்கு தடுப்பாட்ட வீரர்களை இறக்கினாலே வாரந்தோறும் 80 பேர் களத்தில் இருப்பார்கள். ஆக, டிராஃப்ட் முடிந்த பிறகும் வாராவாரம் முழு ஆட்டம் ஆடும் தடுப்பாட்ட வீரர்கள் ஏறத்தாழ 40 பேர் யாருக்கும் சொந்தமில்லாமல் கிடப்பார்கள். முன்கள வீரர்களின் நிலை இதற்கு நேர்மாறானது. பல கிளப்புகள் ஒரே ஒரு முன்கள வீரரை வைத்தே ஆடுவதால், நிலையாக இடம்பிடித்தவர்களை எண்ணிப் பார்த்தால் அந்த 24 இடங்களை நிரப்பவே ஆள் போதாது.

ஒரு வீரரை எடுக்கும்போது அவர் எத்தனை புள்ளி எடுப்பார் என்று மட்டும் கேட்கக் கூடாது என்பது இதனால்தான். அவரை விட்டுவிட்டால் அதே இடத்துக்குப் பின்னால் இலவசமாகக் கிடைக்கக்கூடியவரைவிட அவர் எவ்வளவு மேல் என்பதே சரியான கேள்வி. ஒரு பருவத்தில் நான் நான்காம் சுற்றிலேயே ஒரு பெரிய கிளப்பின் கோல்கீப்பரை ஆசைப்பட்டு எடுத்தேன். முன்கள வீரர்கள் ஒவ்வொருவராகக் கரைந்து போக, என் மூன்றாம் முன்கள இடத்தில் வந்து சேர்ந்தவர் ஆண்டு முழுவதும் தம் கிளப்பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அந்தக் கோல்கீப்பருக்கு ஏறக்குறைய ஈடான புள்ளிகளைக் கடைசிச் சுற்றில் கோல்கீப்பர் எடுத்த நண்பர் பெற்றார். மூன்று பந்துகளைத் தடுத்தால் ஒரு புள்ளி என்பதால், அடிக்கடி தாக்கப்படும் சிறிய கிளப்புகளின் கோல்கீப்பர்கள் நாம் நினைப்பதைவிட நன்றாகவே சம்பாதிக்கிறார்கள். நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டின் மாட்ஸ் செல்ஸ் 2024-25 பருவத்தில் 13 கிளீன் ஷீட்டுகளுடன் (கோல் வாங்காத ஆட்டங்களுடன்) அர்செனலின் டேவிட் ராயாவுக்குச் சமமாகத் தங்கக் கையுறை விருதைப் பகிர்ந்துகொண்டார்.

ஒருவேளை முன்கள வீரர்களை மற்றவர்கள் முந்திக்கொண்டு அள்ளிவிட்டால் பதற வேண்டாம். களத்தில் குறைந்தது ஒரு முன்கள வீரர் இருந்தால் போதும். ஐந்து நல்ல நடுக்கள வீரர்களை வைத்து ஈடுகட்டிவிடலாம். நடுக்கள வீரரின் கோலுக்கு 5 புள்ளி, முன்கள வீரரின் கோலுக்கு 4 புள்ளிதான்.

பெனால்டி யார் கைக்குப் போகிறது?

வேலை மாற்றங்களில் மிக எளிதாகக் கண்ணுக்குத் தெரிவதும், அப்படியிருந்தும் பலர் பார்க்கத் தவறுவதும் பெனால்டிப் பொறுப்புதான். பிரெண்ட்ஃபோர்டு கிளப்பை மட்டும் பின்தொடர்ந்தாலே இது விளங்கும். அங்கே பெனால்டி அடித்துவந்த ஐவன் டோனி 2024 ஆகஸ்ட் இறுதியில் சவூதி அரேபியாவின் அல்-அஹ்லிக்குப் போனார். பிரையன் எம்புவேமோ அதற்கு முந்தைய பருவத்தில் கணுக்கால் காயத்தால் பல வாரங்களை இழந்து 9 கோல்களோடு நின்றிருந்தார். அந்த எண்ணை மட்டும் பார்த்தவர்கள் அவரைத் தாண்டிப் போனார்கள். டோனி இல்லாத 2024-25இல் அவர் 38 ஆட்டங்களிலும் இறங்கி 20 கோல்கள் அடித்தார். அவற்றில் 5 பெனால்டிகள். அடுத்த கோடையில் எம்புவேமோ மான்செஸ்டர் யுனைடெட்டுக்கும் யோவான் விஸ்ஸா நியூகாசிலுக்கும் போய்விட, முழங்கால் காயத்தால் முந்தைய பருவத்தில் ஒரு லீக் கோல்கூட அடிக்காத இகோர் தியாகோ 2025-26இல் முதன்மை முன்கள வீரராகவும் பெனால்டி அடிப்பவராகவும் ஆகிக் கோல்களைக் குவித்தார். ஒரே கிளப், ஒரே பொறுப்பு, மூன்று பேர் கைமாறியது. இரண்டு முறையும் வாரிசின் பெயர் பட்டியலில் அதற்குரிய உயரத்தில் இல்லை.

ஆகவே டிராஃப்டுக்கு ஒரு வாரம் முன்னால் ஒரு தாளில் 20 கிளப்புகளின் பெயர்களையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று கேள்விகளுக்கு விடை எழுதுங்கள். பெனால்டி யார் அடிக்கிறார், கார்னர் யார் எடுக்கிறார், சென்ற பருவத்தில் அதிக நிமிடங்கள் ஆடியவர்களில் யார் கிளப்பை விட்டுப் போனார்? மூன்றாம் கேள்விக்கு விடை இருக்கும் கிளப்புகளில்தான் உங்களுக்கான ஆள் ஒளிந்திருப்பார். பருவத்துக்கு முந்தைய நட்பு ஆட்டங்களையும் இதே கண்ணோடு பாருங்கள். அங்கே மூன்று கோல் அடித்தவரைப் பற்றி எல்லாரும் பேசுவார்கள். முதல் பதினொருவரோடு சேர்ந்து இறங்கியவர் யார், கார்னர் கொடியருகே பந்தை வைத்தவர் யார் என்பதை யாரும் பேச மாட்டார்கள்.

பட்டியலில் ஓர் இடம், களத்தில் வேறோர் இடம்

ஒரு வீரர் தடுப்பாட்ட வீரர் என்று பதிவாகி, உண்மையில் நடுக்களத்தில் ஆடினால் அவர் பொன்முட்டை இடும் வாத்து. தடுப்பாட்ட வீரரின் கோலுக்கு 6 புள்ளி, கிளீன் ஷீட்டுக்கு 4 புள்ளி; நடுக்கள வீரருக்கு அவை 5, 1. ஷெஃபீல்டு யுனைடெட்டின் ஜான் லண்ட்ஸ்ட்ரம் 2019-20இல் இப்படித்தான் பெயர் பெற்றார். 2019 நவம்பரில் பர்ன்லிக்கு எதிரே 3-0 என்று வென்ற ஆட்டத்தில் அவர் இரண்டு கோல்கள் அடித்தார். ஆடியதற்கு 2, கோல்களுக்கு 12, கிளீன் ஷீட்டுக்கு 4 எனப் போனஸ் சேர்க்காமலே 18 புள்ளிகள். அதே ஆட்டத்தை நடுக்கள வீரர் என்ற பதிவோடு ஆடியிருந்தால் 13தான் வந்திருக்கும். அடுத்த பருவத்தில் அவரை நடுக்கள வீரராக மாற்றிவிட்டார்கள் என்பது வேறு கதை. லீட்ஸின் ஸ்டூவர்ட் டல்லஸ் 2020-21இல் தடுப்பாட்ட வீரர் பதிவோடு 8 கோல்கள் அடித்தார். மான்செஸ்டர் சிட்டியை அவர்கள் மைதானத்திலேயே பத்துப் பேரோடு 2-1 என்று வீழ்த்தியபோது இரண்டு கோல்களும் அவருடையவை.

இத்தகையவர்களைக் கண்டுபிடிக்க ஆழ்ந்த ஆராய்ச்சி தேவையில்லை. தடுப்பாட்ட வீரர்களின் பட்டியலைத் திறந்து, ஒவ்வொரு கிளப்பிலும் ஐந்தாவது, ஆறாவது பெயராக இருப்பவர் நட்பு ஆட்டங்களில் எங்கே நிற்கிறார் என்று பார்த்தால் போதும். மூன்று மையத் தடுப்பாட்டக்காரர்களை வைத்து ஆடும் பயிற்சியாளர் புதிதாக வந்திருந்தால், அந்தக் கிளப்பின் விங்பேக்குகளை, அதாவது ஓரங்களில் முன்னேறித் தாக்கவும் செய்யும் தடுப்பாட்ட வீரர்களை, இரண்டு முறை பாருங்கள்.

2025-26 பருவத்தில் வந்த புதிய விதி இன்னொரு கதவைத் திறந்திருக்கிறது. பந்தை வெளியேற்றுவது, மறிப்பது, இடைமறிப்பது, டேக்கிள் செய்வது ஆகியவற்றை ஒரே ஆட்டத்தில் ஒரு தடுப்பாட்ட வீரர் மொத்தம் 10 முறை செய்தால் 2 புள்ளி. நடுக்கள, முன்கள வீரர்களுக்குப் பந்தை மீட்பதும் கணக்கில் சேரும். ஆனால் 12 முறை வேண்டும். கோலும் அடிக்காமல், கிளீன் ஷீட்டும் கிடைக்காமல், கீழ்நிலைக் கிளப்பின் நடுவில் நின்று நாள் முழுவதும் பந்தைத் தலையால் முட்டி வெளியேற்றும் மையத் தடுப்பாட்டக்காரர் முன்பெல்லாம் எதற்கும் உதவாதவர். இப்போது அவர் வாரத்துக்கு 4 புள்ளியைச் சத்தமில்லாமல் கொண்டுவரக்கூடியவர். ஆனால் அவருடைய கிளப் வாங்கும் ஒவ்வோர் இரண்டு கோல்களுக்கும் ஒரு புள்ளி கழியும் என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

மேலேறி வந்த கிளப்புகள்

இங்கே எச்சரிக்கை தேவை. 2023-24, 2024-25 ஆகிய இரண்டு பருவங்களிலும் கீழ்ப் பிரிவிலிருந்து மேலேறி வந்த மூன்று கிளப்புகளும் அதே ஆண்டில் கீழே இறங்கின. அத்தகைய கிளப்பின் தடுப்பாட்ட வீரரை நான் தொடுவதில்லை. முன்கள வீரர் என்றால் யோசிப்பேன்; மூழ்கும் கப்பலிலும் யாராவது கோல் அடித்தாக வேண்டும் அல்லவா? லியாம் டெலாப் இப்ஸ்விச்சுக்காக 12 கோல்கள் அடித்தது அப்படியொரு பருவத்தில்தான். லீட்ஸ் மேலேறிய 2020-21இல் பேட்ரிக் பாம்ஃபோர்டு 17 கோல்கள் அடித்தார். மறுபக்கம், நார்விச்சின் டீமு புக்கி 2019-20இன் முதல் மூன்று ஆட்டங்களில் 5 கோல்கள் அடித்து எல்லாரையும் மயக்கினார். பருவ முடிவில் அவர் கணக்கு 11தான். இப்படிப்பட்டவர் உங்களிடம் இருந்தால், சூடு ஆறுவதற்குள் வேறொரு அணியோடு பேசி மாற்றிக்கொள்வது நல்லது.

டிராஃப்ட் அன்று

வரிசை பாம்பைப் போல வளைந்து திரும்பும். எட்டுப் பேரில் நீங்கள் முதல் ஆள் என்றால் 1, 16, 17, 32, 33 என்று உங்கள் முறை வரும். 17ஆம் தேர்வுக்கும் 32ஆம் தேர்வுக்கும் இடையில் 14 வீரர்கள் கைவிட்டுப் போவார்கள். அடுத்த முறை எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்து வைத்திருக்கும் வீரர், விளையாட்டுத் தளமே காட்டும் முன்னிருப்புத் தரவரிசையில் அடுத்த 14 பெயர்களுக்குள் இருந்தால் அவர் திரும்பி வர மாட்டார். நேரம் தவறியவர்களுக்காகக் கணினி ஆள் எடுக்கும்போதும் அந்தத் தரவரிசை நடைமுறைக்கு வந்துவிடும். அவர் 60 இடங்கள் கீழே இருந்தால் பொறுத்திருக்கலாம். உங்கள் கண்டுபிடிப்பை மிகவும் சீக்கிரம் எடுத்துவிடுவதும் ஒரு தவறுதான். ஐந்தாம் சுற்றில் எடுத்தால் அவர் கவனிக்கப்படாதவராக இருந்த பயனே போய்விடுகிறது. வாட்ச்லிஸ்ட்டை, அதாவது நீங்கள் எடுக்க நினைக்கும் வீரர்களின் பட்டியலை, முன்கூட்டியே வரிசைப்படுத்தி வையுங்கள். நேரம் ஓடும்போது தேடிக்கொண்டிருக்க முடியாது.

கடைசி இரண்டு சுற்றுகளில், வாரத்துக்கு 2 புள்ளி உறுதியாகக் கொடுக்கும் ஆளை எடுக்காதீர்கள். அவரைப் போன்றவர்கள் வெளியே நிறையக் கிடைப்பார்கள். காயத்திலிருந்து ஒரு மாதத்தில் திரும்பவிருப்பவர், கிளப் மாறப்போகிறார் என்று பேசப்படுபவர், வயதான முன்கள வீரருக்குப் பின்னால் காத்திருப்பவர் ஆகியோரே அந்த இடத்துக்கு உரியவர்கள். சூதாட்டம் தோற்றால் நீங்கள் இழப்பது ஒரு பெஞ்ச் இடம் மட்டுமே. வயது பற்றி ஒரு சொல்: இளைஞர்களைத் தேடும் ஆசையில் முப்பதைத் தாண்டியவர்களை எல்லாரும் கழித்துவிடுவதால் அங்கேயும் சரக்கு மிஞ்சுகிறது. கிறிஸ் வுட் 2023-24இல் 14 கோல்கள் அடித்திருந்தும் அடுத்த ஆகஸ்டில் அவர்மேல் பெரிய ஆர்வம் இருக்கவில்லை; 33 வயதை எட்டிய அந்தப் பருவத்தில் அவர் 20 கோல்கள் அடித்தார்.

டிராஃப்ட் ஆகஸ்டில் முடிந்தாலும் வீரர் சந்தை செப்டம்பர் தொடக்கம் வரை திறந்திருக்கும் என்பதை மறக்கக் கூடாது. கோல் பால்மர் சிட்டியிலிருந்து செல்சிக்கு வந்தது 2023 செப்டம்பர் 1ஆம் தேதி. அப்போது பெரும்பாலான குழுக்கள் டிராஃப்டை முடித்திருந்தன. அக்டோபரில் பர்ன்லிக்கு எதிரே அவர் பெனால்டி அடித்ததைப் பார்த்து அன்றிரவே வெயிவரில், அதாவது யாருக்கும் சொந்தமில்லாத வீரர்களைக் கேட்டுப் பெறும் முறையில், அவர் பெயரைப் போட்டவர்களுக்கு அந்தப் பருவத்தில் மேலும் 21 கோல்கள் கிடைத்தன, அவற்றில் 8 பெனால்டிகள். வெயிவரில் புள்ளிப் பட்டியலின் அடியில் இருப்பவருக்கே முன்னுரிமை என்பதால், மேலே இருக்கும் நீங்கள் எல்லாரும் கேட்கும் பெயரைக் கேட்டுப் பயனில்லை. அந்த வாரம் கோல் அடித்தவரை மற்றவர்கள் மொய்க்கட்டும். கோல் அடிக்காமல் 90 நிமிடமும் ஆடி, நான்கைந்து முறை கோலை நோக்கி உதைத்து, கார்னர்களையும் எடுத்தவரின் பெயரை உங்கள் கோரிக்கையில் முதலாவதாக எழுதுங்கள். விடுவிக்க வேண்டிய ஆளாக, கடைசிச் சுற்றில் சூதாட்டமாக எடுத்த அந்த வீரரைப் போடுங்கள்.