நிலத்தடி வாயுச் சேமிப்புக் கிணறுகளில் சுவரை நிலைநிறுத்தி மணல்வரத்தைக் கட்டுப்படுத்துவது எப்படி

வற்றிய எரிவாயுத் தேக்கத்தைச் சேமிப்பிடமாக மாற்றினால், வாயுவைச் செலுத்தும்போதும் எடுக்கும்போதும் பாறையின் நுண்துளை அழுத்தம் (துகள்களுக்கிடையே உள்ள வாயுவும் நீரும் தரும் அழுத்தம்) மாறி மாறி ஏறி இறங்கும். அழுத்தம் இறங்கும்போதெல்லாம் மணற்கல்லின் துகள்கள் மீது விழும் சுமை கூடுகிறது. உற்பத்திக் கிணற்றில் பல ஆண்டுகளில் மெல்ல நிகழும் இந்த மாற்றம் இங்கே ஆண்டுதோறும் திரும்புவதால், துகள்களைப் பிணைக்கும் பொருள் படிப்படியாகத் தளர்ந்து, மணல் வாயுவோடு கிணற்றுக்குள் வரத் தொடங்குகிறது. ஆகவே பாறை மாதிரியை ஒருமுறை நசுக்கிப் பார்த்து வலிமையைக் கணிப்பது போதாது. திரும்பத் திரும்பச் சுமையேற்றி, உலர்ந்த நிலையிலும் நீர் ஊறிய நிலையிலும் சோதிக்க வேண்டும். களிமண் கலந்த மணற்கல்லில் இவ்விரு முடிவுகளும் வெகுவாக வேறுபடக்கூடும்.

புதுக் கிணறு தோண்டும்போது இடர் வேறு வகையானது. அழுத்தம் குறைந்த மணற்கல் எளிதில் விரிசல் விட்டுத் துளையிடல் சேற்றை (தோண்டும்போது துளையில் சுற்றவிடும் திரவத்தை) உறிஞ்சிக்கொள்ளும்; அதற்கு மேலுள்ள களிப்பாறையோ சரிந்துவிடாமலிருக்கக் கனமான சேற்றைக் கேட்கும். இரண்டையும் ஒரே துளைப்பகுதியில் சமாளிக்க முயலாமல், களிப்பாறையின் அடிவரை உறைக்குழாய் (துளைச்சுவரைத் தாங்கும் எஃகுக் குழாய்) இறக்கிச் சிமென்ட் இட்டபின், கால்சியம் கார்பனேட் துகள் கலந்த இலேசான சேற்றால் மணற்கல்லைத் தோண்டுவதே நல்லது. அத்துகள்கள் நுண்துளைகளை அடைக்கும். பின்னர் அமிலத்தால் கரைந்துவிடும். அழுத்தச் சுழற்சிக்கு ஈடுகொடுக்கும் நெகிழ்வான சிமென்ட் தேவை, இல்லையேல் குழாய்க்கும் சிமென்டுக்கும் இடையே நுண்ணிடைவெளி உருவாகும்.

மணலைத் தடுக்கக் கிணற்றடியில் பொருத்தும் குழாய்ச் சல்லடைக்கு வெளியே சரளை நிரப்பும் முறையில், சரளையின் இடைநிலை அளவு தேக்க மணலின் இடைநிலை அளவைப்போல் 5 முதல் 6 மடங்கு இருக்க வேண்டும் என்று 1974-இல் சாசியர் வகுத்த விதி இன்றும் நல்ல தொடக்கப்புள்ளி. ஆனால் சேமிப்புக் கிணற்றில் ஓட்டம் இருதிசையிலும் நிகழ்கிறது. சரளை நிரம்பாத வெற்றிடம் எங்காவது இருந்தால், உட்செலுத்தும் வாயு அதையொட்டிய சரளையைக் கிளறி இடம்பெயர்த்துவிடும். எனவே நிரப்பிய சரளையின் கனஅளவை, நிரப்ப வேண்டிய இடத்தின் கணக்கிட்ட கனஅளவுடன் ஒப்பிட்டுப் பார்க்காமல் வேலையை முடிக்கக் கூடாது.

இவ்வளவு செய்தாலும், வால்வைத் திறக்கும் கையே பெரும்பாலும் முடிவைத் தீர்மானிக்கிறது என்பது என் உறுதியான கருத்து. சோக்கை (ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் வால்வை) படிப்படியாகத் திறந்து, ஒவ்வொரு படியிலும் குழாயில் மணல் மோதும் ஒலியை அளக்கும் ஒலி உணரியின் அளவீடு அடங்கும்வரை காத்திருக்க வேண்டும். தேக்கத்துக்கும் கிணற்றடிக்கும் இடையே அனுமதிக்கும் அழுத்த வேறுபாட்டைத் தேக்கம் நிரம்பியிருக்கும் நிலைக்கு வகுக்காமல், எடுப்புப் பருவத்தின் இறுதிக்கு வகுக்க வேண்டும். அப்போதுதான் பாறைமீது சுமை உச்சத்தில் இருக்கிறது, நீரும் மேலேறி வருகிறது, வாடிக்கையாளரும் அதிக வாயு கேட்கக்கூடும்.

மணல் வந்துவிட்டால் முதலில் ஓட்டத்தைக் குறைத்து, வாயுவிலிருந்து நீரையும் மணலையும் பிரிக்கும் பிரிகலனின் அடியிலிருந்து மாதிரி எடுத்துச் சல்லடையில் சலித்துப் பாருங்கள். நுண்துகள் மட்டுமே இருந்தால் ஓட்டத்தைக் கட்டுப்படுத்திக் கண்காணிக்கலாம். நிரப்பிய சரளையின் பருமன் கொண்ட உருண்டை மணிகள் தென்பட்டால், கிணற்றடிச் சல்லடை அரிக்கப்பட்டுத் துளைபட்டிருக்கும் என்று கொண்டு கிணற்றை மெதுவாக மூடிப் பழுதுபார்ப்புக்கு ஒப்படைக்க வேண்டும்.