கறிவேப்பிலையில் ஓட்டை விழட்டும்

பட்டாம்பூச்சி வரட்டும் என்று பூச்செடியாக வாங்கி வைத்தால் பாதி வேலைதான் முடிந்தது. பூ, தேன் குடிக்க. முட்டையிட இலை வேண்டும், அதுவும் அந்தந்த இனத்துக்கு உரிய இலை. கறிவேப்பிலையோ எலுமிச்சையோ இருந்தால் எலுமிச்சை அழகி, கறிவேப்பிலை அழகி என்ற பட்டாம்பூச்சிகள் தேடி வரும். வெந்தய வரியனுக்கு எருக்கு. வேலியோரம் தானாய் முளைத்ததைப் பிடுங்காமல் விட்டாலே போதும் (பால் கண்ணில் படக் கூடாது). தேன் குடிக்க வரும் தேன்சிட்டுக்குச் செம்பருத்தி, இட்லிப்பூ.

கறிவேப்பிலையில் பறவை எச்சம் போல ஒட்டியிருப்பது அந்த அழகிகளின் இளம் புழு. வளர்ந்தால் பச்சையாகிவிடும், சீண்டினால் தலைக்குப் பின்னால் கவைக்கொம்பு நீட்டி நெடியடிக்கும். மருந்தைத் தொடாதீர்கள், வேப்பெண்ணெய்க் கரைசலும் கூடாது. சின்னக் கன்றைப் புழு மொட்டையடித்துவிடும் என்பது உண்மைதான். அதனால் இரண்டாக நடுங்கள்: ஒன்று ரசத்துக்கு, ஒன்று புழுவுக்கு. ரசச் செடியில் ஏறியதை இலையோடு கிள்ளி மற்றதில் விட்டுவிடலாம்.

உதிர்ந்த சருகைக் கொளுத்தாதீர்கள், அதுதான் எருவுக்கு முதல். நிழலான மூலையில் வெறும் மண்மேல் 3 அடிக்கு 3 அடி இடம் போதும். சிமெண்டுத் தரையில் மண்புழு ஏறி வராது. அடியில் அரையடிக்குச் சுள்ளியும் தேங்காய் மட்டையும். அதன்மேல் 3 வாளி சருகுக்கு 1 வாளி காய்கறிக் கழிவு, ஒரு கை பழைய எரு, கொஞ்சம் சாணிக் கரைசல். இப்படியே 3 அடி உயரம் வரை அடுக்குங்கள். மீன், கறி, எண்ணெய்ப் பண்டம் போட்டால் எலி வரும், எலிக்குப் பின்னால் பாம்பு வரும்.

ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு விழலாம். ஒழுகினால் உள்ளே காற்றில்லை, நாறத் தொடங்கும். சருகு கலந்து கிளறுங்கள். 15 நாளுக்கு ஒருமுறை புரட்டினால் ஏறக்குறைய 3 மாதத்தில் எரு. ஐப்பசி மழைக்குத் தென்னங்கீற்றால் மூடிவிடுங்கள்.

தட்டையான பழுப்புப் புழு நெளிந்தால் அது வேலைக்காரன், விட்டுவிடுங்கள். விரல் பருமனில் வெள்ளையாய், பழுப்புத் தலையோடு சுருண்டு கிடப்பது காண்டாமிருக வண்டின் புழுவாக இருக்கலாம். அந்த வண்டு தென்னங்குருத்தைத் துளைக்கும். பக்கத்தில் தென்னை இருந்தால் புழுவைப் பொறுக்கித் திறந்த வெளியில் போடுங்கள், மைனா பார்த்துக்கொள்ளும்.

புரட்டும் முன் குச்சியால் நாலு தட்டுத் தட்டிச் சற்றுப் பொறுங்கள். அரணையும் தேரையும் ஒதுங்கிய பிறகு மண்வெட்டியை இறக்கலாம். வெறுங்கையை மட்டும் நுழைக்காதீர்கள்.