மணல்மேட்டைத் தப்பாகப் படிக்காதீர்கள்

ஆடிக் காற்றில் தனுஷ்கோடி சாலையோரம் வண்டியை நிறுத்தி இறங்கினால் முதலில் கணுக்காலில்தான் சுருக்கென்று குத்தும். முகத்தில் மணல் அவ்வளவாகப் படாது. காற்று மணலைத் தூசி மாதிரி வானத்தில் தூக்கிக்கொண்டு போகிறது என்று நினைப்பவர்களுக்கு அந்தக் கணுக்காலே பதில் சொல்லிவிடும். ஒவ்வொரு மணியும் எம்பி, கொஞ்ச தூரம் பறந்து, விழுந்த இடத்தில் இன்னும் சில மணிகளைத் தட்டி எழுப்புகிறது. பெரும்பகுதி மணல் முழங்காலுக்குக் கீழேதான் ஓடுகிறது. தரையோடு படரும் அடப்பங்கொடியும், முள்ளாய் உருண்டு நிற்கும் இராவணன் மீசை என்ற புல்லும் ஒரு மேட்டையே பிடித்து வைப்பது இதனால்தான்.

காற்று இரண்டு மடங்கானால் மணலும் இரண்டு மடங்கு ஓடும் என்று கணக்குப் போடுவது அடுத்த தவறு. 1930-களில் எகிப்தியப் பாலைவனத்திலும் ஆய்வுக்கூடக் காற்றுக் குழாயிலும் மணலை அளந்த பேக்னால்ட் என்ற பிரிட்டிஷ் ராணுவப் பொறியாளர் கண்டது வேறு. காற்றின் வேகம் இரட்டித்தால் மணலோட்டம் ஏறக்குறைய எட்டு மடங்காகிறது. அதனால் காற்றைச் சற்றே நெருக்கி வேகப்படுத்தும் எந்தச் சின்ன நெளிவும் நிலத்தில் பெரிய வேலையைச் செய்துவிடும்.

மேட்டில் ஏறும் காற்று உச்சியை நெருங்க நெருங்க வேகம் கூடும். உச்சியைத் தாண்டியதும் தரையை விட்டுவிடும். சுமந்து வந்த மணல் அங்கேயே கொட்டும். காற்று வரும் பக்கம் சாய்வு மெல்ல ஏற, மறுபக்கம் முப்பது டிகிரிக்குச் சற்று மேலான சரிவாக இறங்குவது இப்படித்தான். உச்சிக்குப் பின்னால் குனிந்து உட்கார்ந்து பாருங்கள். ஓரத்தில் மணல் குவிந்துகொண்டே வந்து, தாங்காத நேரத்தில் நாக்கு நாக்காய் சத்தமில்லாமல் வழியும். செங்குத்தான பக்கம்தான் காற்றை எதிர்கொண்டு நிற்கிறது என்று பலர் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள்.

சரி, அதை வைத்தே ஊரின் காற்றுத் திசையைச் சொல்லிவிடலாமா? நம் கரையில் அவசரப்படக் கூடாது. கச்சான் என்ற தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் ஒரு பக்கம் சரியும் உச்சி, வாடை வந்ததும் மறுபக்கம் திரும்பிக்கொள்ளும். திரும்புவது உச்சி மட்டும்தான், மேட்டின் உடம்பு பழைய திசையையே வைத்திருக்கும். மணல் மேல் ஓடும் வரிகளை நம்புவது இன்னும் ஆபத்து. அவை கடைசியாக அடித்த காற்றின் தடம். அதுவும் பள்ளத்துக்குள் சுழன்ற காற்றா, மேட்டைச் சுற்றி வளைந்த காற்றா என்று பார்க்காமல் எதையும் முடிவு செய்யக் கூடாது. நிலம் காற்றை எவ்வளவு தூரம் ஆளும் என்பதற்குத் திருச்செந்தூர் பக்கத்துச் செம்மணல் தேரிகளே சாட்சி. ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குள் நெருக்கப்பட்டு வரும் மேல்காற்று குவித்த மணல் அது. முப்பந்தலில் காற்றாலைகளைச் சுழற்றுவதும் அதே கணவாய்க் காற்றுதான்.

மணலில் கறுப்பாகப் படிந்த வரிகளை எண்ணெய்க் கசிவு என்று சிலர் பயப்படுவதுண்டு. பெரும்பாலும் அது இல்மனைட் போன்ற கனமான தாதுமணல். லேசான மணலைக் காற்று எடுத்துக்கொண்டு போக, கனமானது தங்கிவிடுகிறது.

எனக்கு மனம் ஆறாத தவறு ஒன்று உண்டு. கடலுக்குக் குறுக்கு வழி வேண்டும் என்று முன்வரிசை மேட்டை நேராக வெட்டிவிடுகிறார்கள். ஆள் நடந்து கொடி அறுந்து இரண்டடி அகலத்துக்கு வெறும் மணல் தெரிந்தாலே போதும். காற்று அந்த இடுக்கில் நெருங்கிப் பாய்ந்து, பக்கச் சுவர்களைத் தின்று, ஒரு பெரிய கிண்ணமாகக் குடைந்துவிடும். குடைந்த மணல் உள்ளே இருக்கும் வீட்டு வாசலில் போய்க் குவியும். புயல் நாளில் கடல்நீரும் அதே இடுக்கு வழியாக வரும். 2019 கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கையில் மணல்மேடுகள் மிகக் கடுமையான பாதுகாப்பு வகையில் இருக்கின்றன. அப்படியிருந்தும் வெட்டுகிறார்கள்.

அப்புறம் மணலைத் தடுக்க மதில் எழுப்புவார்கள். ஒரு செருப்பைக் காற்றுக்குக் குறுக்கே நட்டு வைத்து அரை மணி நேரம் பொறுத்தால் விளைவு தெரியும். முன்னால் அடி அரிக்கும், பின்னால் வாலாக மணல் நீளும். மதிலுக்கும் இதேதான் நடக்கும். பாதிக்குப் பாதி இடைவெளி விட்டுக் கட்டிய ஓலைத் தட்டி காற்றை மறிக்காமல் தளர்த்தும். மணல் அதன் இரு பக்கமும் அமைதியாக இறங்கும். தட்டி மூழ்கியதும் அதன் மேல் இன்னொன்று கட்டி, அடப்பங்கொடியின் தண்டுகளை ஊன்றிவிடலாம். வழி வேண்டுமென்றால் காற்றுக்கு நேராக வெட்டாமல் வளைத்து, மேட்டின் மேல் பலகை போட்டு நடக்கலாம்.